பாதி விலைக்குக் கிடைக்கும் கேம் 'கீ': வாங்கும் முன் ஒரு கேள்வி

பள்ளி விடுமுறை தொடங்கியதும் பல வீடுகளில் கேட்கும் பேச்சு இது. "வாப்பா, ஸ்டீம்ல 3,000 ரூபாய் போட்டிருக்கிற கேம் வேற ஒரு சைட்ல 900 ரூபாய்க்குக் கிடைக்குது. உங்க கார்டைக் கொஞ்சம் தாங்களேன்." கேம் அதேதான். பணம் கட்டிய சில நிமிடங்களில் மின்னஞ்சலுக்கு எண் வந்துவிடும். கூடப் படிக்கும் பையன் ஏற்கெனவே அங்கே வாங்கி விளையாடிக்கொண்டிருக்கிறான். 2,100 ரூபாய் மிச்சம் என்றால் எந்தத் தகப்பனின் கையும் பர்ஸை நோக்கித்தான் போகும்.

கார்டைக் கொடுக்கும் முன் நாம் ஒரு கேள்வி கேட்டுக்கொள்ள வேண்டும். இவ்வளவு குறைவாக விற்பவருக்கு அந்தப் பொருள் எங்கிருந்து வந்தது? காய்கறிக் கடையிலும் துணிக்கடையிலும் நாம் இயல்பாகக் கேட்கும் இந்தக் கேள்வியை, திரையில் வாங்கும்போது மறந்துவிடுகிறோம். பிரச்சினை அங்கேதான் தொடங்குகிறது.

'கீ' என்றால் என்ன?

கணினி கேம்களைக் குறுந்தட்டில் வாங்கிய காலம் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வால்வ் நிறுவனம் 2003-இல் தொடங்கிய 'ஸ்டீம்' போன்ற இணையக் கடைகளில் கணக்குத் தொடங்கி, அங்கேயே வாங்கி, இறக்கி விளையாடுவதுதான் இன்றைய வழக்கம்.

கேம் தயாரிப்பாளர்கள் ஸ்டீமுக்கு வெளியேயும் தங்கள் கேமை விற்கலாம். அதற்காக எழுத்துகளும் எண்களும் கலந்த ஒரு குறியீட்டை வால்வ் அவர்களுக்குத் தருகிறது. இதைத்தான் பிள்ளைகள் 'கீ' என்கிறார்கள். நம் ஸ்டீம் கணக்கில் அதை உள்ளிட்டால் கேம் நம் கணக்கில் சேர்ந்துவிடும். ஒரு கீயை ஒருமுறைதான் பயன்படுத்த முடியும்.

தயாரிப்பாளரிடம் நேரடியாக ஒப்பந்தம் செய்து கீ விற்கும் கடைகள் இருக்கின்றன. அவற்றில் வாங்குவதில் சிக்கல் இல்லை. இன்னொரு வகைத் தளங்கள் சந்தை போன்றவை. தளம் இடம் மட்டும் கொடுக்கும், யார் யாரோ தங்களிடம் உள்ள கீகளை அங்கே விற்பார்கள். தயாரிப்பாளருக்கும் அவர்களுக்கும் எந்தத் தொடர்பும் இருக்காது. முழுக்கச் சட்டவிரோதம் என்றும் சொல்ல முடியாது, முறையான வியாபாரம் என்றும் சொல்ல முடியாது. அதனால்தான் இதற்கு 'கிரே மார்க்கெட்', அதாவது சாம்பல் நிறச் சந்தை என்று பெயர் வந்தது.

அங்கே கீகள் வரும் வழிகள்

இந்தச் சந்தையில் விற்கப்படும் எல்லாமே திருட்டு என்று நாம் சொல்லவில்லை. தள்ளுபடிக் காலத்தில் மொத்தமாக வாங்கி வைத்துப் பிறகு விற்பவர்கள் உண்டு. பல கேம்களை ஒரே கட்டாகக் குறைந்த விலைக்கு வாங்கி, தனித்தனியாகப் பிரித்து விற்பவர்களும் உண்டு.

ஒவ்வொரு நாட்டிலும் மக்களின் வருமானத்தைப் பார்த்துக் கேம்களுக்கு வெவ்வேறு விலை வைக்கிறார்கள். விலை குறைந்த நாட்டில் வாங்கி, விலை கூடிய நாட்டில் விற்பது இன்னொரு வழி. இத்தகைய கீ பல நேரங்களில் நம் நாட்டில் திறக்காது. அப்போது வி.பி.என். போட்டு, வேறு நாட்டில் இருப்பதுபோல் காட்டித் திறக்கச் சொல்வார் விற்பவர். அது ஸ்டீமின் விதிகளுக்கு எதிரானது. அதனால் கணக்கே முடக்கப்படலாம்.

ஏமாற்றிப் பெறும் வழியும் உண்டு. "நான் கேம் விமர்சகர், எனக்கு இத்தனை ஆயிரம் பார்வையாளர்கள்" என்று பொய்யான பெயரில் சிறு தயாரிப்பாளர்களுக்கு மின்னஞ்சல் அனுப்பி, இலவசமாகக் கீ வாங்கி, அதை விற்றுவிடுவார்கள்.

எல்லாவற்றிலும் மோசமானது, திருடப்பட்ட கடன் அட்டையில் வாங்கப்பட்ட கீ.

திருட்டுக் கார்டு எப்படி வேலை செய்கிறது?

யாரோ ஒருவருடைய கடன் அட்டை எண் திருடன் கைக்குப் போகிறது. அதை வைத்துப் பெரிய பொருள் வாங்கினால் அனுப்ப முகவரி வேண்டும், மாட்டிக்கொள்வான். கேம் கீக்கு முகவரி தேவையில்லை. தயாரிப்பாளரின் சொந்த இணையக் கடையில் நூறு கீகளை வாங்கி, அன்றே சந்தைத் தளத்தில் பாதி விலைக்கு விற்றுவிடுகிறான். திருட்டுக் கார்டு இப்போது கையில் காசாகிவிட்டது.

சில வாரங்களில் அட்டைக்குச் சொந்தக்காரர் கணக்கைப் பார்த்து வங்கியில் புகார் செய்கிறார். வங்கி அந்தப் பணத்தைக் கடையிடமிருந்து திரும்ப எடுத்து அவருக்குக் கொடுக்கிறது. கூடவே ஒவ்வொரு பரிவர்த்தனைக்கும் கடையிடம் ஒரு கட்டணமும் பிடிக்கிறது. கேமும் போய், பணமும் போய், அதற்கு மேல் அபராதமும் கட்டுகிறார் தயாரிப்பாளர்.

'நேச்சுரல் செலக்‌ஷன் 2' என்ற கேமை உருவாக்கிய அன்னோன் வேர்ல்ட்ஸ் நிறுவனத்துக்கு இதுதான் நடந்தது. திருட்டு அட்டைகளில் வாங்கப்பட்ட 1,341 கீகளை 2013-இல் அது செல்லாததாக்கியது. வங்கிகள் பணத்தைத் திரும்ப எடுத்ததால் ஏறக்குறைய 30,000 டாலர் நஷ்டம் என்று அந்நிறுவனம் கூறியது. சிறிய குழுவாக இயங்கும் நிறுவனத்துக்கு இது பெரிய தொகை. அந்தக் கீகளை வேறு தளங்களில் நல்லெண்ணத்தோடு காசு கொடுத்து வாங்கியவர்கள், ஒருநாள் காலையில் தங்கள் கேம் காணாமல் போனதைப் பார்த்தார்கள்.

பெரிய நிறுவனத்திலும் இதே கதை

2015 ஜனவரியில் யூபிசாஃப்ட் நிறுவனம் 'ஃபார் க்ரை 4' உள்ளிட்ட கேம்களைப் பலருடைய கணக்குகளிலிருந்து நீக்கியது. விளையாடிக்கொண்டிருந்தவர்கள் கொதித்தார்கள். விசாரித்தபோது, அந்தக் கீகள் இ.ஏ. நிறுவனத்தின் 'ஆரிஜின்' கடையில் மோசடிக் கடன் அட்டைகளால் வாங்கப்பட்டு, மறுவிற்பனைத் தளங்கள் வழியாக மக்களிடம் போயிருந்தது தெரிந்தது. ஏற்கெனவே திறந்து விளையாடத் தொடங்கியவர்களுக்குப் பிறகு யூபிசாஃப்ட் கேமைத் திருப்பிக் கொடுத்தது. அது அந்நிறுவனம் எடுத்த முடிவு. வாங்கியவர்கள் அதை உரிமையாகக் கேட்டுப் பெறும் நிலையில் இல்லை.

ஜி2ஏ விவகாரம்

இந்தச் சந்தைகளில் அதிகம் பேசப்பட்டது ஜி2ஏ. 2016-இல் டைனிபில்ட் என்ற கேம் வெளியீட்டு நிறுவனம் ஒரு கணக்கைப் பொதுவெளியில் வைத்தது. தங்கள் கேம்களின் கீகள் ஜி2ஏ-யில் ஏறக்குறைய 2 லட்சம் டாலருக்கு விற்கப்பட்டிருக்கின்றன, அவற்றின் முழு விலை 4.5 லட்சம் டாலர், தங்களுக்கு ஒரு டாலரும் வரவில்லை என்றது. ஜி2ஏ குற்றச்சாட்டை ஏற்கவில்லை. சந்தேகத்துக்குரிய கீகளின் பட்டியலைக் கொடுங்கள் என்று கேட்டது. எந்தக் கீ எந்த வழியில் போனது என்று பிரித்தறிவதே கடினம் என்பதுதான் தயாரிப்பாளர்களின் சங்கடம்.

2019-இல் நிலைமை இன்னும் முற்றியது. 'நோ மோர் ரோபாட்ஸ்' நிறுவனத்தின் மைக் ரோஸ் உள்ளிட்ட சிலர், இந்தத் தளங்களில் வாங்குவதைவிட எங்கள் கேமைத் திருட்டுத்தனமாகவே இறக்கி விளையாடுங்கள் என்று சொல்லும் அளவுக்குப் போனார்கள். சொந்தப் பொருளின் உரிமையாளர்களே அப்படிப் பேசுகிறார்கள் என்றால், அவர்கள் பட்ட நஷ்டம் எவ்வளவு என்று யோசித்துப் பாருங்கள். திருட்டுத்தனமாக இறக்குவது சரி என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. அது அவர்களுடைய ஆற்றாமை.

திருட்டுக் கீ விற்றதாக நிரூபித்தால், வங்கி திரும்ப எடுத்ததால் ஏற்பட்ட நஷ்டத்தைப்போல் 10 மடங்கு தருகிறோம் என்று ஜி2ஏ அப்போது அறிவித்தது. 'ஃபாக்டோரியோ' கேமைத் தயாரிக்கும் பிராக் நகரின் வூப் நிறுவனம் முன்வந்து கீகளின் பட்டியலைக் கொடுத்தது. அவற்றில் 198 கீகள் தன் தளத்தில் விற்கப்பட்டதை 2020 மே மாதம் ஜி2ஏ ஒப்புக்கொண்டு, 39,600 டாலர் செலுத்தியது. அந்தக் கீகள் விற்கப்பட்டது 2016-இல். உண்மை வெளிவர நான்கு ஆண்டுகள் ஆயின.

இதில் நாம் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு. ஃபாக்டோரியோவைத் தள்ளுபடியில் விற்பதில்லை என்பதை வூப் நிறுவனம் கொள்கையாகவே வைத்திருக்கிறது. தயாரிப்பவரே விலையைக் குறைக்காத பொருள், வேறொருவரிடம் பாதி விலைக்கு எப்படி வரும்?

இந்த விவகாரங்களுக்குப் பிறகு, கீ விற்பவர்கள் வணிகக் கணக்கு வைத்திருக்க வேண்டும் என்று ஜி2ஏ 2020-இல் விதியை இறுக்கியது. இது நல்ல மாற்றம்தான். ஆனாலும் ஒரு குறிப்பிட்ட கீ எங்கிருந்து வந்தது என்று வாங்குபவரால் இன்றும் பார்க்க முடியாது.

வாங்குபவருக்கு வேறு என்ன ஆபத்து?

முதலாவது, பணம் திரும்பாது. ஸ்டீமில் நேரடியாக வாங்கினால், 14 நாட்களுக்குள், 2 மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால், பொதுவாகப் பணத்தைத் திரும்பப் பெறலாம். வெளியில் வாங்கிய கீக்கு இந்த வசதி இல்லை.

இரண்டாவது, காட்டும் விலை வேறு, கட்டும் விலை வேறு. பணம் செலுத்தும் கட்டணம், 'பாதுகாப்பு' கட்டணம் என்று கடைசிப் பக்கத்தில் தொகை ஏறும். சில தளங்களில் அந்தப் பாதுகாப்பு மாதச் சந்தாவாக மாறி, நாம் கவனிக்காமலே மாதாமாதம் பணம் எடுக்கப்படும்.

மூன்றாவது, கீக்குப் பதிலாகக் கணக்கைக் கொடுப்பார்கள். விளம்பரத்தின் கீழே சிறிய எழுத்தில் 'அக்கவுண்ட்' என்று போட்டிருக்கும். வேறொருவரின் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் வரும். ஸ்டீம் கணக்கை விற்பது விதிமீறல். பழைய சொந்தக்காரர் எப்போது வேண்டுமானாலும் அதைத் திரும்பப் பிடுங்கிக்கொள்ளலாம்.

நான்காவது, முன்பின் அறியாத தளத்தில் நம் கார்டு விவரம் பதிவாகிறது. இன்னொருவருடைய கார்டு எப்படித் திருடுபோனது என்று மேலே பார்த்தோம். அடுத்தது நம்முடையதாக இருக்கக் கூடாது.

இவற்றுக்கெல்லாம் மேலே மனசாட்சி என்று ஒன்று இருக்கிறது. ஹலாலாகச் சம்பாதித்த பணம், யாரோ ஒருவரின் கார்டைத் திருடியவன் கைக்குப் போகலாம் என்று தெரிந்த பிறகும், "நாம் காசு கொடுத்துத்தானே வாங்குகிறோம்" என்று கடந்துபோவது நமக்கு அழகல்ல.

நேர்வழியிலேயே குறைந்த விலை

கேம் வாங்கவே கூடாது என்று நாம் சொல்லவில்லை. பொறுமை இருந்தால் முறையான இடங்களிலேயே விலை குறையும்.

• ஸ்டீமில் கோடையிலும் ஆண்டின் இறுதியிலும் பெரிய தள்ளுபடி வரும். பிள்ளை விரும்பும் கேமை 'விஷ்லிஸ்ட்' பட்டியலில் சேர்த்துவைத்தால், விலை குறையும்போது மின்னஞ்சல் வரும்.

• எபிக் கேம்ஸ் கடை 2018 இறுதியிலிருந்து தொடர்ந்து இலவசக் கேம்களைக் கொடுத்துவருகிறது.

• ஹம்பிள் பண்டில், ஃபனாட்டிக்கல், கிரீன் மேன் கேமிங் போன்றவை தயாரிப்பாளர்களின் ஒப்புதலோடு விற்பவை. சந்தேகம் இருந்தால், கேம் தயாரிப்பாளரின் சொந்த இணையதளத்தில் எந்தெந்தக் கடைகளுக்கு இணைப்பு கொடுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள்.

• வீட்டில் இரண்டு மூன்று பிள்ளைகள் விளையாடுகிறார்களா? 2024-இல் வந்த 'ஸ்டீம் ஃபேமிலீஸ்' வசதியில் 6 பேர் வரை ஒரே குடும்பமாகச் சேர்ந்து, பெரும்பாலான கேம்களைப் பகிர்ந்துகொள்ளலாம். எந்தக் கேம், எத்தனை மணி நேரம் என்று பெற்றோர் கட்டுப்பாடும் வைக்கலாம்.

ஏற்கெனவே வாங்கிவிட்டால்?

ரசீதையும் மின்னஞ்சலையும் அழிக்காதீர்கள். அந்தத் தளத்தில் ஏதேனும் சந்தா ஓடுகிறதா என்று பார்த்து ரத்து செய்யுங்கள். கார்டு விவரத்தை அங்கே சேமித்திருந்தால் நீக்குங்கள். அடுத்த இரண்டு மூன்று மாதங்களுக்கு வங்கிக் கணக்கைக் கவனித்துவாருங்கள். தெரியாத தொகை போயிருந்தால் உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். இந்தியாவில் இருப்பவர்கள் 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணையும் அழைக்கலாம். பிள்ளை தானாக வாங்கி ஏமாந்திருந்தால் திட்டித் தீர்க்காதீர்கள். அடுத்தமுறை ஏமாந்தால் உங்களிடம் சொல்லாமலே மறைத்துவிடும்.

மகன் கார்டு கேட்டு வரும்போது 'வேண்டாம்' என்ற ஒற்றைச் சொல்லோடு அனுப்பிவிடாமல், பக்கத்தில் உட்கார வைத்து அந்தத் தளத்தைச் சேர்ந்து பாருங்கள். "இதை விற்கிறவன் யார்? அவனுக்கு இது எங்கிருந்து கிடைச்சது?" என்று கேளுங்கள். பதில் கிடைத்தால் வாங்கலாம். கிடைக்காவிட்டால், விலை குறையும் நாள் வரை காத்திருக்கலாம். கேம் எங்கேயும் ஓடிப்போய்விடாது. விலை குறைந்த பொருளைக் கண்டதும் இந்தக் கேள்வியைக் கேட்கும் பழக்கம், அந்தப் பிள்ளை வளர்ந்து வீடும் வாகனமும் வாங்கும் காலத்திலும் அவனுக்குக் கைகொடுக்கும்.