கட்டுமரமும் மசூலாப் படகும்

நீரிற் செல்லும் கலங்களை இருவகையாகப் பகுக்கலாம். மிதக்கும் மரங்களைப் பிணைத்து அவற்றின்மேல் மாந்தர் ஏறிச் செல்வது ஒன்று. பலகைகளால் குழிந்த உடல் அமைத்து அதனுள் அமர்ந்து செல்வது மற்றொன்று. முன்னது புணையினம், பின்னது படகினம். புணையே வளர்ந்து படகாயிற்று என்றும், ஆதலின் புணை வளர்ச்சியுறாத மக்களின் கலம் என்றும் கருதுவாருளர். இக்கருத்துச் சோழமண்டலக் கரைக்குப் பொருந்துமா என்பதை ஈண்டு ஆராய்வாம்.

1639-இல் ஆங்கிலக் கும்பினியார் சென்னையில் இடம் பெற்றபோது அங்கு இயற்கைத் துறைமுகம் இல்லை. அலை மறியும் எல்லைக்கு அப்பாலே கப்பல்கள் நங்கூரமிட்டு நின்றன. அவற்றின் சிறுபடகுகள் அவ்வலையைக் கடந்து கரையேறுதற்கு ஏற்றன அல்ல. ஆகவே ஆளும் பொருளும் கரை சேர்வதற்கு மசூலாப் படகே துணையாயிற்று. இது தட்டையான அடியுடையது. ஆணியும் உள்வளைச் சட்டமும் இன்றித் தென்னங்கயிற்றால் பலகைகளைத் தைத்து ஆக்கப்பட்டது. மணலில் மோதுங்கால் தையல் நெகிழ்ந்து கொடுத்தலின் பலகை பிளவாது. அடி தட்டையாதலின் கரையிற் சாயாது நிற்கும். ஆயினும் பொருத்துவாயின் வழியே நீர் புகும். அதனை இடைவிடாது இறைத்தல் வேண்டும். துடுப்பு வலிப்போரும் பலர் வேண்டும்.

கட்டுமரமோ இவ்விடர்கள் இல்லாதது. மரங்களின் இடையே நீர் புகுந்து வெளியேறுதலின் இறைக்க வேண்டுவதில்லை. கவிழினும் அமிழாது, ஏறியவர் மீண்டும் பற்றி ஏறலாம். கரை சேர்ந்தபின் கட்டவிழ்த்து மரங்களை உலர்த்தலாம். ஓரிருவரே செலுத்தவும் இயலும். ஆனால் ஏறியவர் நனைதல் தப்பாது. மிக்க பாரமும் ஏற்ற இயலாது.

இவற்றுள் எது சிறந்தது? அக்கரையோர் ஒன்றை விடுத்து மற்றொன்றைக் கொண்டாரல்லர். பயணிகளுக்கும் பண்டத்திற்கும் கரைவலைக்கும் மசூலாவைக் கொண்டனர். தூண்டிலுக்கும் சிறுவலைக்கும் கட்டுமரத்தைக் கொண்டனர். அலை மிகுந்து மசூலா செல்ல இயலாத நாளில், கப்பலுக்குரிய கடிதங்களைத் தம் தலைக்குல்லாயுள் வைத்துக் கொண்டு சென்றோர் கட்டுமரத்தாரே. மசூலா கவிழ்ந்துழிக் காத்தற்பொருட்டு உடன் சென்றதும் கட்டுமரமே. வளர்ச்சியுறாததெனப்படும் கலம் மற்றதற்குக் காவலாய் நின்றமை நோக்கத்தக்கது.

1870-களில் துறைமுகப் பணி தொடங்கிற்று. 1881-ஆம் ஆண்டுப் புயல் அதன் சுவர்களைச் சிதைத்தது. எனினும் பின்னர்த் துறைமுகம் நிறைவுற, மசூலாவின் பயணித் தொழில் மறைந்தது. மீன்பிடியிற் கட்டுமரம் நெடுங்காலம் நிலைத்தது. 1980-களுக்குப் பின் கண்ணாடியிழைப் படகு பரவிற்று. 2004-ஆம் ஆண்டு ஆழிப்பேரலைக்குப் பின் கட்டுமரம் பெரிதும் அருகிற்று. அதன் பெயர் மட்டும் ஆங்கிலத்திற் புகுந்து, இன்று ஈருடற் கலத்தைக் குறிக்கின்றது.

கலத்தின் உயர்வு தாழ்வு அது செல்லும் நீரையும் செய்யும் தொழிலையும் பொறுத்தது என்பது இதனாற் பெறப்படும். சங்க நூல்களில் வரும் புணை, அம்பி, திமில், தோணி, நாவாய் என்பவற்றை வளர்ச்சிப் படிகளாக நிரல்படுத்துதல் ஆகாது. பாட்டிற்குரிய நீர் ஆறோ, கழியோ, அலைமிக்க கடலோ என முதற்கண் வினவிப் பின்னரே பொருள் கோடல் முறையாகும்.