அடைபட்ட நாடியும் திறந்த வழியும்

"கொஞ்சத் தூரம் நடந்தா கெண்டை புடிக்குது, நின்டா விட்டுப் போகுது." நம்மட ஊர்ப் பெரியவர்கள் இப்படிச் சொல்லக் கேட்டிருப்போம். வாதம் என்று நினைத்து எண்ணெய் தடவிக்கொண்டிருப்பார்கள். சீனி வருத்தமோ சிகரட் பழக்கமோ உள்ளவருக்கு அது வாதமாக இல்லாமல், காலுக்கு இரத்தம் கொண்டுபோகும் நாடி அடைபட்டதன் அறிகுறியாகவும் இருக்கலாம். கவனியாமல் விட்டால் விரல் கறுக்கும். கடைசியில் காலை எடுக்கிற பேச்சு வரும். அந்தப் பேச்சைத் தள்ளிவைக்க இன்று ஒரு வழி இருக்கிறது. தொடை இடுக்கில் ஒரு சிறு துவாரம், அதனூடாக ஒரு கம்பி. இந்த வழி எப்படித் திறந்தது என்பதே இக்கட்டுரை.

வயிற்றினூடாக இறங்கும் பெருநாடி தொப்புள் மட்டத்தை அண்டி இரண்டாகப் பிரிகிறது. இடுப்புக் குழிக்குள் செல்லும் அவ்விரு கிளைகளே இரு கால்களுக்குமான இரத்த வாசல்கள். அவை அடைபட்டால் பிட்டமும் தொடையும் நோகும், ஆண்மை குன்றும், தொடை இடுக்கில் நாடித் துடிப்பு கைக்குத் தட்டுப்படாது. பிரெஞ்சு சத்திரசிகிச்சை நிபுணர் ரெனே லெரிஷ் 1923இலும் 1940இலும் இதனை விவரித்தார். இன்றும் அந்நோய் அவர் பெயராலேயே அழைக்கப்படுகிறது. 1946இல் போர்த்துக்கலில் ஜோவாவ் சிட் டொஸ் சந்தோஸ் நாடியை வெட்டித் திறந்து உள்ளிருந்த அடைப்பை வழித்தெடுத்துக் காட்டினார். பின்னர் அடைப்பைச் சுற்றி மாற்றுக் குழாய் தைக்கும் முறையும் வந்தது. ஆனால் இடுப்புக் குழிக்குள் இதைச் செய்யப் பெரும்பாலும் வயிற்றைத் திறக்க வேண்டும். இதயம் தளர்ந்த முதியவர்கள் பலருக்கு அது தாங்காது.

1953இல் சுவீடன் நாட்டு வைத்தியர் ஸ்வென் செல்டிங்கர் ஓர் எளிய முறையைத் தந்தார். ஊசியால் நாடியைக் குத்தி, அதற்குள்ளால் மெல்லிய கம்பியை விட்டு, ஊசியைக் கழற்றி, கம்பியின் மேல் கதீற்றர் குழாயை ஏற்றுவது. கத்தி தேவையில்லை. ஆனால் அதனைப் படம் எடுப்பதற்கு மட்டுமே பாவித்தார்கள்.

அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகரில், ஒரிகன் பல்கலைக்கழக மருத்துவக் கல்லூரியின் கதிர்ப்படத் துறைத் தலைவராக இருந்தவர் சார்ள்ஸ் டொட்டர். 1963இல் ஒரு நோயாளியின் சிறுநீரக நாடியைப் படம் பிடிப்பதற்காகத் தொடையிலிருந்து கதீற்றரை மேலே ஏற்றினார். அந்த நோயாளியின் வலது இடுப்பு நாடி முழுதாக அடைபட்டிருந்தது. கதீற்றரோ அந்த அடைப்பையே ஊடறுத்துப் பெருநாடிக்குப் போய்ச் சேர்ந்தது. வேறொருவர் என்றால் "தப்பினோம்" என்று விட்டிருப்பார். டொட்டர் வேறு விதமாக யோசித்தார்: தவறிப்போய் அடைப்பைத் திறக்க முடியுமென்றால், வேண்டுமென்றே ஏன் திறக்கக்கூடாது? அதே ஆண்டு செக்கோஸ்லோவாக்கியாவில் நடந்த மாநாடொன்றில், கதீற்றர் சிகிச்சைக்கும் பயன்படும் என்று துணிந்து பேசினார்.

1964 ஜனவரி 16ஆம் திகதி 82 வயது மூதாட்டி ஒருவர் அவரிடம் வந்தார். கால் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க அவர் சம்மதிக்கவில்லை. டொட்டரும் அவரது உதவியாளர் மெல்வின் ஜட்கின்ஸும் தொடை நாடியிலிருந்த நெருக்கத்தினூடாகக் கம்பியை விட்டு, அதன் மேல் ஒன்றைவிட ஒன்று பருத்த ரெஃப்லோன் குழாய்களை ஏற்றினார்கள். சில நிமிடங்களில் குளிர்ந்திருந்த பாதம் சூடேறியது. சில ஆண்டுகள் கழித்து அவர் வேறு நோயால் இறக்கும்வரை தன் காலிலேயே நடந்தார்.

ஆனாலும் அமெரிக்கச் சத்திரசிகிச்சை நிபுணர்கள் டொட்டரை நம்பவில்லை. "பைத்தியக்கார சார்ளி" என்றும் பெயர் வைத்தார்கள். படம் மட்டும் எடு, திருத்தப் போகாதே என்று எழுதிக் கொடுத்து நோயாளியை அனுப்பியவரும் உண்டு. அவரது முறைக்குச் செவிகொடுத்தது ஐரோப்பாதான். ஜேர்மனியில் எபர்ஹார்ட் சைட்லர் அதை எடுத்து வளர்த்தார். "டொட்டரிங்" என்ற சொல்லே அங்கு உருவானது.

ஒரு சிக்கல் மட்டும் தீரவில்லை. இடுப்பு நாடி அகலமானது. அதை விரிக்கும் அளவுக்குப் பருத்த குழாயை ஏற்றினால் தொடையில் போடும் துவாரமும் அதே பருமனாகிவிடும். உள்ளே போகும்போது மெலிந்தும், போன பிறகு பருத்தும் இருக்கும் ஒன்று தேவைப்பட்டது. 1973இல் பெர்லினில் வேர்னர் போர்ஸ்ட்மன் கூண்டுக்குள் அடைத்த பலூனைச் செய்தார். சூரிச்சில் அன்ட்ரியாஸ் குருண்ட்சிக் தன் வீட்டுக் குசினி மேசையில் வைத்தே பலூன் கதீற்றர்களைச் செய்து பார்த்து, 1974இல் கால் நாடியிலும் 1977இல் இதய நாடியிலும் பாவித்தார்.

நாட்பட்ட அடைப்பு கல்லுப் போல இறுகிவிடும். பலூனால் விரித்தாலும் திரும்பச் சுருங்கும். இதற்கு ஆர்ஜென்டீனாவில் பிறந்த ஹூலியோ பல்மாஸ் விடை தேடினார். கொத்தனார் சுவருக்குப் பாவிக்கும் உலோக வலைத்தகட்டைப் பார்த்து, விரிந்தபடி நிற்கும் ஸ்டென்டை வடிவமைத்தார். 1991இல் அமெரிக்க அரசு அதை முதலில் அனுமதித்தது இடுப்பு நாடிக்கே. இங்கிலாந்தின் லெஸ்டரில் அமான் போலியாவின் கம்பி ஒருமுறை வழி தவறி நாடிச் சுவரின் அடுக்குகளுக்கிடையே புகுந்தது. அந்தத் தவறையே அவர் ஒரு முறையாக்கினார்: அடைப்பைச் சுற்றிச் சுவருக்குள்ளால் போய், அப்பால் மீண்டும் நாடிக்குள் இறங்குவது. இன்று இடுப்பு நாடியின் முழு அடைப்புகளிலும் இவ்வழி கைகொடுக்கிறது. வயிற்றைத் திறக்கும் சிகிச்சையும் ஒழிந்துவிடவில்லை. எவருக்கு எது பொருந்தும் என்பதை அடைப்பின் நீளமும் இடமும் உடல்நிலையும் தீர்மானிக்கின்றன.

டொட்டரும் குருண்ட்சிக்கும் 1985ஆம் ஆண்டிலேயே மறைந்தார்கள். அதற்குள் உலகம் அவர்கள் பக்கம் திரும்பியிருந்தது. ஆனால் 1964க்கும் அதற்கும் இடையில், பாதுகாத்திருக்கக்கூடிய கால்களில் எத்தனை வெட்டப்பட்டிருக்கும்? காது கொடுக்காததற்கு விலை கொடுத்தவர்கள் நோயாளிகள். நாமும் அதே பிழையை வேறு வகையில் செய்கிறோம். கெண்டை புடிக்கிறதென்று உம்மாவோ வாப்பாவோ சொன்னால் எண்ணெய்ப் போத்தலை எடுக்க முன்னர், பாதத்தில் நாடி துடிக்கிறதா என்று ஒரு வைத்தியரைக் கொண்டு பார்ப்பிப்போம். விரல் கறுத்த பிறகு வழி திறப்பது மிகக் கடினம்.