யாருடைய பணத்தில் யாருடைய பள்ளிவாசல்?

பழைய பள்ளிவாசல்களைத் திருத்துவது பற்றிப் பேச்சு வந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு நம்பிக்கையாளர் சபை உறுப்பினர் கேட்டார்: "காசு எங்க இருந்து வந்தா என்ன சேர், பள்ளி எழும்பினாச் சரிதானே?"

நியாயமான கேள்விதான். ஆனால் ஒரு நாட்டின் பழங்கட்டடத்தைப் பேண இன்னொரு நாட்டின் அரசு பணம் தரும்போது, பணம் மட்டும் வருவதில்லை. எது பழைமை, எது அழகு, எதைக் காப்பாற்ற வேண்டும், எதைச் சுரண்டி எறியலாம் என்ற அபிப்பிராயமும் கூடவே வந்து இறங்குகிறது. இதை விளங்கிக்கொள்ள பொஸ்னியாவைவிட நல்ல உதாரணம் எனக்குக் கிடைக்கவில்லை. நான் அங்கே போனதில்லை. வாசித்து அறிந்ததைக் கொண்டே எழுதுகிறேன். யுத்தம் முடிந்து இருபது சொச்சம் ஆண்டுகளுக்குள் துருக்கி, சவூதி அரேபியா, ஐக்கிய அமெரிக்கா, இத்தாலி, நெதர்லாந்து, ஒஸ்ட்ரியா என்று இத்தனை அரசுகள் ஒரு சின்ன நாட்டின் பழங்கட்டடங்களுக்குப் பணம் கொடுத்திருக்கின்றன. ஒவ்வொருவர் கொடுத்த விதமும் வேறு.

முதலில் இழப்பைச் சொல்ல வேண்டும். 1992 முதல் 1995 வரையான யுத்தத்தில் 600க்கும் மேற்பட்ட பள்ளிவாசல்கள் முற்றாக அழிக்கப்பட்டதாக பொஸ்னிய இஸ்லாமிய சமூக நிறுவனம் கணக்கிட்டது. ஷெல் விழுந்து தற்செயலாக இடிந்தவை அல்ல இவற்றில் பல. பன்யா லூகா நகரத்துக்குள் சண்டையே நடக்கவில்லை. ஆனாலும் அங்கிருந்த 16 பள்ளிவாசல்களும் அழிந்தன. ஃபர்ஹாத் பாஷா 1579இல் கட்டிய ஃபர்ஹாதியா பள்ளிவாசல் 1993 மே 7ஆம் திகதி அதிகாலையில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. பிறகு கற்களையும் அள்ளிக்கொண்டு போய் குப்பைமேட்டில் கொட்டினார்கள். இங்கே ஒரு பள்ளி இருந்தது என்று யாரும் சொல்லக்கூடாது என்பதுதான் நோக்கம். அதனால்தான் 1995இன் டேட்டன் சமாதான உடன்படிக்கையில் எட்டாவது இணைப்பு முழுக்க தேசிய நினைவுச் சின்னங்களைப் பாதுகாக்கும் ஆணைக்குழுவுக்கென்றே எழுதப்பட்டது. ஒரு சமாதான ஒப்பந்தத்துக்குள் பழங்கட்டடங்களுக்கும் இடம் கிடைத்தது சின்ன விஷயமல்ல.

ஆனால் அந்த ஆணைக்குழு காலூன்றி வேலை செய்யத் தொடங்குமுன் பணம் வந்துவிட்டது. சராஜேவோவில் காஸி ஹுஸ்ரவ் பே பள்ளிவாசலை எடுத்துக்கொள்ளுங்கள். 1531இல் முடிந்த கட்டடம். பொஸ்னிய முஸ்லிம்களின் தாய்ப்பள்ளி என்றே சொல்லலாம். முற்றுகையின்போது ஷெல்லடி பட்டு நொந்துபோயிருந்தது. 1996இல் சவூதி உதவியில் திருத்த வேலை நடந்தது. கூரை, சுவர் எல்லாம் சீராகின. ஆனால் உட்சுவர்களின் வர்ண அலங்காரங்கள் சாந்தோடு சேர்த்து அகற்றப்பட்டு உள்ளே எல்லாம் வெள்ளையடிக்கப்பட்டது. தொழுகையாளியின் கவனத்தைச் சிதறடிக்கும் அலங்காரம் வேண்டாம் என்ற கருத்து நமக்கும் புதிதல்ல. சராஜேவோ மக்களில் பலருக்கோ தங்கள் வீட்டுக்குள் யாரோ வந்து முகம் மாற்றிவிட்டுப் போன மாதிரி இருந்தது. சில ஆண்டுகளுக்குள் பொஸ்னியக் கலைஞர்களைக் கொண்டே உட்புறம் மறுபடி அலங்கரிக்கப்பட்டது.

இதில் ஒரு சிக்கலும் இருக்கிறது. அதை மறைப்பது சரியில்லை. அகற்றப்பட்ட அலங்காரங்களில் பெரும்பகுதி உஸ்மானியர் காலத்தவை அல்ல. 1879 தீ விபத்துக்குப் பிறகு, ஒஸ்ட்ரிய ஆட்சியின் கீழ் வரையப்பட்டவை. அப்படியானால் எது அசல்? 16ஆம் நூற்றாண்டா, நூறு வருஷமாக மக்கள் பார்த்துத் தொழுதுவந்த சுவரா? என் அபிப்பிராயம் இரண்டாவதன் பக்கம். அந்தத் தீர்மானத்தை எடுக்க வேண்டியவர்களும் அங்கே தொழுகிறவர்கள்தான், ரியாதில் இருக்கிறவர்கள் அல்ல. சவூதி செய்த உதவியைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமில்லை. யுத்தம் ஓய்ந்த கையோடு யார் வந்து கூரை போட்டது என்பதும் வரலாறுதான்.

மொஸ்தார் பாலத்தின் கதை இதற்கு நேர்மாறு. சுல்தான் சுலைமானின் காலத்தில் மிமார் ஹைருத்தீன் கட்டி 1566இல் முடித்த ஒற்றை வளைவுப் பாலம், நெரெத்வா ஆற்றுக்கு மேலே சுமார் 29 மீற்றர் அகலத்துக்குத் தாவி நின்றது. 1993 நவம்பர் 9இல் பொஸ்னியக் குரோஷியப் படைகளின் ஷெல்லடியில் ஆற்றுக்குள் விழுந்தது. மீளக் கட்ட உலக வங்கி கடன் கொடுத்தது; இத்தாலி, நெதர்லாந்து, துருக்கி, குரோஷியா ஆகிய அரசுகள் பணம் கொடுத்தன. ஆம், குரோஷியாவும்தான். இப்படிப் பல கைகள் சேர்ந்ததால் ஒரு கையின் விருப்பம் மேலோங்கவில்லை. ஹங்கேரிய இராணுவச் சுழியோடிகள் ஆற்றிலிருந்து தூக்கிய பழைய கற்கள் மறுபடி பாரம் தாங்காது என்று நிபுணர்கள் சொன்னார்கள். ஆகவே அதே வகைக் கல்லை உள்ளூரில் வெட்டி, இரும்புக் கொக்கிகளை வைத்து ஈயம் உருக்கி ஊற்றும் பழைய முறையிலேயே கட்டினார்கள். 2004 ஜூலை 23இல் திறப்பு விழா. அடுத்த வருஷம் யுனெஸ்கோ உலக மரபுப் பட்டியல். உலகத்துக்கு அது நல்லிணக்கச் சின்னம். உள்ளூரில் அதற்குப் பிறகும் பிள்ளைகள் ஒரே பாடசாலைக் கட்டடத்துக்குள் இனவாரியாகப் பிரிந்து படித்தார்கள். பாலம் கட்டக் கிடைத்த பணம் அதைத் தீர்க்கும் என்று எதிர்பார்த்ததே அதிகம்தான்.

பட்டியலைக் கொஞ்சம் தள்ளி நின்று பார்த்தால் ஒரு விஷயம் தெரியும். 1992 ஓகஸ்டில் எரிந்த சராஜேவோ தேசிய நூலகக் கட்டடம் ஒஸ்ட்ரிய-ஹங்கேரிய ஆட்சியில் 1896இல் எழும்பியது; அதை மீட்க முதலில் முன்வந்தவர்களில் ஒஸ்ட்ரியா ஒன்று. பழைய உஸ்மானியப் பள்ளிவாசல்களுக்குத் துருக்கி. அந்நாட்டு அரசின் 'டிக்கா' என்ற உதவி முகவரகம் 1992இல் தொடங்கி பால்கன் முழுக்க உஸ்மானியக் கட்டடங்களைத் தேடித்தேடித் திருத்துகிறது. ஒவ்வொரு அரசும் தன் பழைய நிழல் விழுந்த இடத்தில்தான் பணத்தை வைக்கிறது. தன்னலமில்லாக் கொடை என்று நாம் ஏமாற வேண்டியதில்லை. அதற்காக வேண்டாம் என்று தள்ளவும் வேண்டியதில்லை.

அமெரிக்காவின் முறை இன்னும் விசித்திரம். 2001இல் அந்நாட்டுக் காங்கிரஸ் தொடங்கிய 'பண்பாட்டுப் பாதுகாப்புக்கான தூதுவர் நிதி' நூற்றுக்கு மேற்பட்ட நாடுகளில் உதவியிருக்கிறது. விண்ணப்பம் அந்தந்த நாட்டின் அமெரிக்கத் தூதரகம் வழியாகவே போக வேண்டும். காணி வாங்கவோ புதுக் கட்டடம் எழுப்பவோ பணம் இல்லை. அதைவிட முக்கியமான நிபந்தனை: அரசு மதத்தை ஆதரிக்கக் கூடாது என்று அவர்களுடைய அரசியலமைப்பு சொல்வதால், வணக்கத்தலம் ஒன்றுக்கு விண்ணப்பித்தால் அதன் கட்டடக்கலை, வரலாறு, கலைப் பெறுமதியை மட்டுமே காரணமாகக் காட்ட வேண்டும். அதாவது, பள்ளிவாசல் என்பதற்காக அல்லாமல் பள்ளிவாசலாக இருந்தபோதிலும் என்று எழுத வேண்டும். சிரிப்பு வரும். ஆனால் யோசித்தால், மிஹ்ராபையும் மின்பரையும் எந்தக் கொத்தன், எந்த நூற்றாண்டில், எந்தக் கல்லில் செதுக்கினான் என்று நம்மைக் கேட்க வைக்கிற நிபந்தனை அது. பதில் வைத்திருக்கிறோமா?

நம் நாட்டுக்கும் இந்தப் பணம் வராமலில்லை. அம்பாறை மாவட்டத்து ராஜகல பௌத்த மடாலயத்துக்கு மேற்சொன்ன அமெரிக்க நிதி கிடைத்தது. மன்னார் திருக்கேதீச்சர ஆலயத் திருப்பணிக்கு இந்திய அரசு உதவியது. எங்கட கரையோர ஊர்களிலோ, மரத்தூணும் ஓட்டுக் கூரையும் கல் ஹவ்ளும் கொண்ட பள்ளிகளை நாமே இடித்துவிட்டு, எந்த நாட்டிலும் இருக்கக்கூடிய ஒரு கொங்கிரீட் குப்பாவை எழுப்பினோம். அதற்கு வெளிநாட்டு அரசு எதுவும் தேவைப்படவில்லை. ஊர்ச் சந்தாவும் வெளிநாட்டில் உழைக்கும் பிள்ளைகளின் பணமும் போதுமாயிருந்தது. மிஞ்சியிருக்கும் பழைய பள்ளிகளில் அளவெடுத்த வரைபடம் எத்தனைக்கு இருக்கிறது? தூண் செதுக்கிய தச்சனின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்? நாளைக்கு யாராவது காசோடு வந்தால், எப்படித் திருத்த வேண்டும் என்று அவர்தான் சொல்வார். ஏனென்றால் நம்மிடம் காட்ட ஒன்றுமில்லை.

ஃபர்ஹாதியாவுக்கு அந்த நிலை வரவில்லை. 2001 மே 7இல் அடிக்கல் நாட்ட வந்தவர்களைச் சேர்பிய இனவாதக் கும்பல் கல்லால் அடித்தது, பஸ்களை எரித்தது, காயப்பட்ட ஒரு முஸ்லிம் முதியவர் பின்னர் வபாத்தானார். அடுத்த மாதம் பலத்த பொலிஸ் காவலோடு அடிக்கல் வைத்தார்கள். பிறகு ஆண்டுக்கணக்கில் குப்பைமேட்டிலிருந்து உடைந்த கற்களைப் பொறுக்கி, ஒவ்வொன்றுக்கும் அடையாளமிட்டு, போருக்கு முன் எடுத்த படங்களோடும் அளவுகளோடும் ஒப்பிட்டு, இது மினாராவின் கல், இது வாசல் வளைவின் கல் என்று பிரித்தார்கள் பொஸ்னியக் கட்டடக்கலை நிபுணர்கள். துருக்கியின் பெரும் பணம் வந்தபோது என்ன கட்டுவது என்ற கேள்வியே எழவில்லை. கற்கள் இடம் தெரிந்து காத்திருந்தன. 2016 மே 7ஆம் திகதி, தகர்த்து சரியாக 23 வருஷங்களுக்குப் பிறகு, கதவு திறந்தது. பழைய கற்களும் புதுக் கற்களும் அந்தச் சுவரில் பக்கத்துப் பக்கத்தில் இருக்கின்றன.