நெருப்பில்லாமல் புகைந்த கதை

கிழக்கு லண்டனில் நான் கடை எடுத்த தொண்ணூறுகளின் நடுப்பகுதியில், கவுண்டருக்குப் பின்னால் நின்ற சிகரெட் தட்டுத்தான் கடையிலேயே வடிவான பொருள். விளக்கு எரியும், கண்ணாடி பளபளக்கும். கம்பனிக்காரர் தங்கள் செலவிலேயே கொண்டுவந்து பூட்டித் தருவார்கள். எந்தப் பெயர் கண்மட்டத்தில் நிற்கவேண்டும் என்பதையும் அவர்களே தீர்மானிப்பார்கள். பிறகு அந்த அழகு ஒவ்வொன்றாகக் கழன்றது. 2003இல் ‘லைட்’, ‘மைல்ட்’ என்ற சொற்கள் பக்கெற்றுகளிலிருந்து போயின. 2007 ஜூலை 1ஆம் திகதி இங்கிலாந்தின் மதுக்கடைகளுக்குள்ளும் சாப்பாட்டுக் கடைகளுக்குள்ளும் புகைப்பது நின்றது. அதே ஆண்டு ஒக்டோபரில் சிகரெட் வாங்கும் வயது 16இலிருந்து 18 ஆனது. 2015 ஏப்ரலில் எங்களைப் போன்ற சின்னக் கடைகளும் தட்டுக்குக் கதவு போட்டு மூடவேண்டி வந்தது. 2017 மே மாதத்தோடு பத்துச் சிகரெட் பக்கெற் இல்லை. மிஞ்சியவை எல்லாம் ஒரே மங்கிய பச்சை. 2020 மே மாதம் மென்தோலும் போனது.

மூடிய அந்தக் கதவுக்குப் பக்கத்தில்தான் வேப் என்ற மின்சிகரெட்டின் தட்டு வளர்ந்தது. சிகரெட்டிலிருந்து அந்தத் தட்டுக்கு மாறியவர்களை நான் கண்முன்னே பார்த்திருக்கிறேன். நானும் மாறியவன். இந்தச் சாமான் எங்கிருந்து வந்தது, இதற்கு முன்னர் வந்த மாற்றுகள் எல்லாம் ஏன் தோற்றன, புதிதாக மாறுகிறவன் எங்கே தடுக்கி விழுகிறான் என்பதை எழுதவேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன்.

யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குச் சோறு போட்டது புகையிலை. அப்பு சுருட்டுக் கொட்டிலில் வேலை செய்தவர். ஒருவர் உரத்துப் பேப்பர் வாசிக்க, மற்றவர்கள் கேட்டபடி சுருட்டுச் சுற்றுவார்களாம். அப்புவின் அரசியல் அறிவு முழுவதும் அந்தக் கொட்டிலில் கிடைத்தது. ஆகவே புகையிலையைத் திட்டி வளர்ந்த வீட்டுப் பிள்ளை அல்ல நான்.

1950இல் ரிச்சர்ட் டோல், ஒஸ்டின் பிராட்போர்ட் ஹில் என்ற இருவர் லண்டன் மருத்துவமனை நோயாளிகளை ஆராய்ந்து, சிகரெட்டுக்கும் நுரையீரல் புற்றுநோய்க்கும் உள்ள தொடர்பை வெளியிட்டார்கள். 1962இல் லண்டன் அரச மருத்துவர் கல்லூரி அதையே அறிக்கையாக்கி நாடு முழுவதற்கும் சொன்னது. பயந்த மக்களுக்குக் கம்பனிகள் கொடுத்த மருந்து ‘லைட்’ சிகரெட். பில்டரைச் சுற்றி ஊசித்துளைகள் போட்டார்கள். உள்ளே காற்றுக் கலந்ததால் பரிசோதனை இயந்திரம் தார் குறைவு என்று காட்டியது. மனிதன் இயந்திரம் அல்லவே! உடம்பு கேட்ட அளவு நிக்கோட்டின் கிடைக்கும்வரை அவன் ஆழமாக இழுத்தான், அடிக்கடி இழுத்தான், விரலாலும் உதட்டாலும் துளைகளை மூடிக்கொண்டு இழுத்தான். கேடு குறையவில்லை. சுகத்துக்கு நல்லது என்று நம்பி ‘லைட்’டுக்கு மாறியவர்கள் என் கடையில் நிறையப் பேர். அந்த ஏமாற்றத்தை நான் இன்றும் மன்னிக்கவில்லை. வேப் வந்தபோது வயதானவர்கள் நம்ப மறுத்ததற்கும் இதுவே காரணம்.

1977இல் பிரித்தானியாவில் இன்னொரு முயற்சி நடந்தது. இன்று அதை நினைவு வைத்திருப்பவர்கள் குறைவு. புகையிலையின் ஒரு பகுதியை எடுத்துவிட்டு, மரக்கூழிலிருந்து செய்த பதிலீடு ஒன்றைக் கலந்தார்கள். இதற்காக ஐ.சி.ஐ. கம்பனி ஸ்கொட்லாந்தின் ஆர்டியரில் தொழிற்சாலையே கட்டியது. அந்த ஜூலையில் பல பெயர்களில் சிகரெட் கடைக்கு வந்தது. சில மாதங்களில் தட்டில் தேங்கிக் கிடந்தது. அமெரிக்காவில் ஆர்.ஜே. ரெனோல்ட்ஸ் கம்பனி 1988இல் ‘பிரீமியர்’ என்று ஒன்றை இறக்கியது. நுனியில் கரித்துண்டு, உள்ளே சூடேறும் வாசனை மணிகள். பற்றவைக்கவே கஷ்டம், மணமோ சகிக்காது. அடுத்த ஆண்டே திரும்பப் பெற்றுக்கொண்டார்கள்.

நெருப்பே வேண்டாம் என்று முதலில் தெளிவாக எழுதிவைத்தவர் பென்சில்வேனியாவைச் சேர்ந்த ஹேர்பேர்ட் கில்பேர்ட். 1963இல் விண்ணப்பித்து 1965இல் காப்புரிமை பெற்றார். பற்றரியால் சூடாகும் குழாய், சுவையூட்டிய ஈரமான காற்று, அவ்வளவுதான். கம்பனிகளிடம் காட்டினார், எவரும் எடுத்துச் செய்யவில்லை. அவருடைய கருவியில் நெருப்பும் இல்லை, நிக்கோட்டினும் இல்லை. விட்டுவிடத் துடிப்பவனின் உடம்பு கேட்பதை அது கொடுத்திருக்காது.

உடம்பு கேட்பது என்ன என்பதைச் சொன்னவர் லண்டன் மோட்ஸ்லி மருத்துவமனையோடு சேர்ந்து வேலை செய்த மைக்கல் ரஸல் என்ற மனநல மருத்துவர். மனிதன் புகைப்பது நிக்கோட்டினுக்காக, அவனைக் கொல்வது தார் என்று 1976இலேயே எழுதினார். சுவீடனில் ஊவே பெர்னோ உருவாக்கிய நிக்கோட்டின் சுயிங்கத்துக்கும் அதே எண்ணந்தான் அடிப்படை. அது 1980இல் பிரித்தானியாவுக்கும் வந்தது. தோலில் ஒட்டும் பட்டி பின்னால் வந்தது. இரண்டும் நல்ல மருந்துகள், இன்றும் பலருக்கு உதவுகின்றன. ஆனால் அவற்றில் நிக்கோட்டின் மெல்ல மெல்லத்தான் ஏறும். சிகரெட்டில் ஓர் இழுப்பு இழுத்தால் சில விநாடிகளில் மூளைக்குப் போய்விடும். கைக்கு வேலை, உதட்டுக்கு வேலை, தொண்டையில் அந்த இடி, வெளியே விடும் வெண்புகை: இவை எதுவும் சுயிங்கத்தில் இல்லை.

பாதியாகக் கிடந்த அந்த இரண்டு யோசனைகளையும் ஒன்றாக்கியவர் ஹொன் லிக். சீனாவின் ஷென்யாங் நகரில் மருந்தாளராக இருந்தவர், கடும் புகைப்பழக்கக்காரர். அவருடைய தகப்பன் நுரையீரல் புற்றுநோயால் இறந்தார். 2003இல் நிக்கோட்டின் திரவத்தை மீயொலி அதிர்வால் ஆவியாக்கும் கருவியைச் செய்தார். அடுத்த ஆண்டு ‘ரூயான்’ என்ற பெயரில் சீனச் சந்தைக்கு வந்தது. பின்னால் வந்தவர்கள் அந்த அதிர்வை விட்டுவிட்டுச் சூடேறும் கம்பிக்கு மாறினார்கள்; கில்பேர்ட் எழுதிவைத்த வழி அது. 2013இல் ஹொன் லிக்கின் கண்டுபிடிப்புக்கான காப்புரிமைகளை 7.5 கோடி டொலருக்கு வாங்கியது யார் தெரியுமா? பிரிஸ்டலைத் தலைமையகமாகக் கொண்ட இம்பீரியல் டொபாக்கோ. எரியும் சிகரெட் விற்றவர்களே எரியாததையும் வாங்கிவிட்டார்கள்.

லண்டன் கடைகளுக்கு முதலில் வந்தது சிகரெட்டைப் போலவே தோற்றம் கொண்ட மெல்லிய குச்சி. நுனியில் செந்நிற விளக்கு எரியும். பார்க்க அசல் சிகரெட், இழுத்தால் சத்தில்லை. ஒரு நாளுக்கு ஒரு பக்கெற் முடிக்கிறவனுக்கு அது எந்த மூலைக்கு? பற்றரியும் சின்னது, பாதி நாளிலேயே கண்ணை மூடிவிடும். வாங்கிப்போன பலர் ‘இது சரிவராது’ என்று பழைய பக்கெற்றுக்கே திரும்பினார்கள். 2010ஐ ஒட்டிப் பேனா வடிவக் கருவி வந்தபோதுதான் நிலைமை மாறியது. பெரிய பற்றரி, திரவத்தை நாமே ஊற்றும் டாங்க், வேண்டிய நிக்கோட்டின் அளவைத் தெரிந்தெடுக்கும் வசதி. நான் மாறியது அந்தப் பேனாவால். ஒரு மில்லிலீற்றருக்கு 18 மில்லிகிராம் போத்தலில் தொடங்கினேன். காலையில் முதல் தேநீரோடு பிடிக்கும் சிகரெட் மட்டும் சில வாரங்கள் என்னை விடவில்லை. அதுவும் போன பிறகு பக்கத்துப் பாமசியில் ஊதிப் பார்த்தபோது, மூச்சில் கார்பன் மொனொக்சைட் புகைக்காதவனின் அளவுக்கு இறங்கியிருந்தது. எதுவும் எரியாத இடத்தில் அந்த வாயு எங்கிருந்து வரும்?

உள்ளே நடப்பதில் மாயம் ஒன்றும் இல்லை. ஒரு சுருள்கம்பி, அதற்குள் பஞ்சு, பஞ்சில் ஊறிய திரவம். திரவத்தில் புரோப்பிலீன் கிளைக்கோல், தாவரக் கிளிசரின், சுவை, நிக்கோட்டின். கம்பி சூடாக, திரவம் ஆவியாகும். புதிய கம்பியைப் போட்ட கையோடு இழுத்தால் பஞ்சு ஊறியிருக்காது, கருகிய நாற்றம் தொண்டையைப் பிடிக்கும். ஐந்து பத்து நிமிடம் ஊறவிட வேண்டும். இந்தச் சின்ன விஷயத்தைச் சொல்ல ஆளில்லாமல் எத்தனை பேர் கருவியைக் குப்பையில் எறிந்திருப்பார்கள்!

மினிகாப் ஓட்டும் வல்வெட்டித்துறைக்காரர் ஒருவர் ஒருநாள் கோபத்தோடு வந்தார்.

“தம்பி, இதை இழுத்தா இருமல்தான் வருது. சிகரெட்டுக்கு வராத இருமல் இதுக்கு ஏன் வருது?”

“அண்ணை, நீங்கள் சிகரெட் மாதிரிச் சுருக்கெண்டு இழுக்கிறியள். மெல்ல, மூண்டு எண்ணுற நேரத்துக்கு இழுங்கோ. முதல்ல வாய்க்குள்ள எடுத்துப் பிறகு உள்ள விடுங்கோ. தண்ணியும் நல்லாக் குடியுங்கோ.”

“எத்தினையாம் நம்பர் போத்தல் எடுக்க?”

“பக்கெற் முடிக்கிற ஆள் நீங்கள். பயந்து மூண்டாம் நம்பர் எடுத்தீங்களெண்டால் பின்னேரம் இஞ்சை வந்து சிகரெட் கேப்பியள்.”

அவர் இன்று சிகரெட் தொடுவதில்லை. புதிதாக மாறுகிறவர்களை நான் பார்த்தவரையில், தடுமாறும் முக்கிய இடம் அந்த நம்பர், அதாவது போத்தலின் நிக்கோட்டின் அளவு. நிக்கோட்டின்தான் புற்றுநோய் தருகிறது என்ற பயத்தில் மிகக் குறைந்த அளவில் தொடங்குகிறார்கள். தாகம் தீராமல் இரண்டையும் சேர்த்துப் பிடிக்கிறார்கள். மாதக்கணக்கில் அப்படியே நிற்கிறார்கள். நிக்கோட்டின் அடிமையாக்கும் பொருள், அதை மறுக்கவே கூடாது. ஆனால் நுரையீரலை அழிப்பது எரிந்த இலையின் புகை. அந்தப் புகை முழுதாக நின்றால்தான் மாறியதில் பலன்.

சட்டமும் ஆராய்ச்சியும் மெல்லப் பின்னால் வந்தன. 2016 மே மாதத்திலிருந்து நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதி, மில்லிலீற்றருக்கு 20 மில்லிகிராமுக்கு மேல் நிக்கோட்டின் கூடாது, டாங்க் 2 மில்லிலீற்றர், போத்தல் 10 மில்லிலீற்றர் என்று வரம்பு போட்டது. பிரித்தானியா ஐரோப்பிய ஒன்றியத்தை விட்ட பின்னும் அந்த வரம்பு இங்கே நிற்கிறது. 2015இல் இங்கிலாந்தின் பொதுச் சுகாதாரத் துறை, வேப் சிகரெட்டைவிட 95 வீதம் கேடு குறைந்தது என்ற மதிப்பீட்டை வெளியிட்டது. அந்த எண் நிபுணர்கள் கூடிச் செய்த ஊகம் என்று மருத்துவ இதழ் ‘லான்செட்’ கடுமையாகக் கண்டித்தது. அந்தக் கண்டனத்தில் நியாயம் உண்டு. எனக்கு அதைவிட உறுதியாகப் படுவது 2019இல் பீட்டர் ஹாஜெக் குழுவினர் இங்கிலாந்தில் செய்த சோதனை. 886 பேர். வேப் எடுத்தவர்களில் 18 வீதம் பேர் ஓராண்டுக்குப் பின்னும் சிகரெட் இல்லாமல் இருந்தார்கள். பட்டி, சுயிங்கம் போன்றவற்றை எடுத்தவர்களில் 9.9 வீதம். அதே ஆய்வின் மறுபக்கத்தையும் சொல்லவேண்டும்: வேப்பால் சிகரெட்டை விட்டவர்களில் 80 வீதம் பேர் ஓராண்டு முடிவிலும் வேப் இழுத்துக்கொண்டுதான் இருந்தார்கள். நானும் இன்னும் அந்த 80இல் ஒருவன்தான்.

அதே 2019இல் அமெரிக்காவில் வேப் இழுத்தவர்கள் நுரையீரல் நோயால் மருத்துவமனைகளில் விழுந்தார்கள்; 2020 பெப்ரவரிக்குள் 68 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் கஞ்சாச் சத்துக் கலந்த கள்ளத் திரவத்தில் சேர்த்த விற்றமின் ஈ அசிற்றேற் என்ற எண்ணெய்ப் பொருளே காரணம் என்று பின்னர் தெரிந்தது. செய்தியைக் கேட்டு என் வாடிக்கையாளர் சிலர் சிகரெட்டுக்குத் திரும்பியதைப் பார்த்து மனம் நொந்துபோனேன். 2019 செப்டெம்பரில் இந்தியா வேப்பைத் தடைசெய்தது. டிசெம்பரில் அது முழுச் சட்டமானது. உற்பத்தி, இறக்குமதி, விற்பனை எல்லாம் அங்கே குற்றம். சென்னைக்குக் கலியாணத்துக்குப் போகிறவர்கள் பெட்டியில் கருவி வைக்காதீர்கள்.

எனக்கு ஆத்திரம் வருவது இதற்குப் பின் நடந்ததை நினைத்தால்தான். 2021இலிருந்து இழுத்துவிட்டு எறியும் வேப்புகள் கடைகளை நிறைத்தன. ரோஜா நிறம், ஊதா நிறம், இனிப்பு மிட்டாய்ச் சுவை. புகைப்பழக்கத்திலிருந்து தப்ப வழி தேடிய நாற்பது ஐம்பது வயதுக்காரருக்காகப் பிறந்த கருவி, சிகரெட்டே தொடாத பள்ளிப் பிள்ளையின் பையில் போய் உட்கார்ந்தது. 2015 ஒக்டோபரிலிருந்தே இங்கிலாந்தில் 18 வயதுக்குக் கீழே விற்பது குற்றம். ஆனாலும் விற்றார்கள், நம்மவர் கடைகளிலும் விற்றார்கள். அந்த எறியும் வேப்புகளைப் பிரித்தானியா முழுவதும் 2025 ஜூன் 1ஆம் திகதி தடைசெய்தார்கள். பிள்ளைகளைப் பார்த்த எவரும் அதைத் தாமதமான முடிவு என்றுதான் சொல்வார்கள். திரும்ப நிரப்பும் கருவிகள் இருக்கின்றன. மாற விரும்புகிறவருக்கு அவையே போதும், செலவும் குறைவு.

1974இல் பிரித்தானியாவில் வளர்ந்தவர்களில் 45 வீதம் பேர் சிகரெட் பிடித்தார்கள். 2023இல் ஐக்கிய இராச்சியத்தில் 11.9 வீதம். வரி, விளம்பரத் தடை, மூடிய தட்டு எல்லாம் சேர்ந்து செய்த வேலை அது. கடைசிப் பத்துப் பதினைந்து ஆண்டுகளில் வேப்புக்கும் பங்கு உண்டு. 2023 ஏப்ரலில் பத்து இலட்சம் புகைப்பவர்களுக்கு வேப் கொடுத்து மாறச் செய்யும் திட்டத்தை அரசே இங்கிலாந்தில் அறிவித்தது.

இதை வாசிக்கும் கடைக்கார நண்பர்களிடம் கேட்கிறேன். இளம் முகம் கண்டால் அடையாள அட்டை கேளுங்கள். பிள்ளைக்கு விற்றால் 2,500 பவுண் வரை தண்டம், அதைவிடப் பெரிய பாவம் வேறு. சிகரெட் தொடாதவருக்கு வேப் எடுத்துக் காட்டவே காட்டாதீர்கள். ஆனால் இருபது முப்பது வருடமாக உங்களிடம் பக்கெற் வாங்கும் அந்த அண்ணையிடம், அக்காவிடம், மாற விருப்பமா என்று ஒருமுறை கேளுங்கள். சரியான அளவைச் சொல்லிக்கொடுங்கள். புகைத்தலை விட உதவும் இலவச சேவை பல பாமசிகளில் இருக்கிறது, உங்கள் பகுதியில் எது என்று விசாரித்து அனுப்பிவையுங்கள்.