கம்புக்குள்ளே போனவர்கள்

எங்கள் ஊர் புளியங்குடி. அன்றைக்குத் திருநெல்வேலி மாவட்டம், 2019க்குப் பிறகு தென்காசி மாவட்டம். மேற்கே மலை, ஊருக்குள் எலுமிச்சை மார்க்கெட். கொஞ்ச தூரத்தில் நெற்கட்டும்செவல். புலித்தேவன் படையில் நின்ற ஒண்டிவீரன் கதையும் வெண்ணிக்காலாடி கதையும் கேட்டு வளர்ந்தவர்கள் நாங்கள். எங்கள் பக்கம் வீரக் கதைக்குப் பஞ்சமே கிடையாது. இன்றைக்கு எல்லாக் கட்சிக்காரனும் வந்து, வீரம் செறிந்த சமூகம் என்று மைக்கில் சொல்லி மாலை போட்டுவிட்டுக் கார் ஏறிப் போகிறான். எனக்கு இதில் ஒரு மனத்தாங்கல் உண்டு. நமக்கு வீரம் இருக்கு, உடம்பில் தெம்பு இருக்கு என்று சொல்ல ஆள் இருக்கு. வித்தை இருக்கு, கணக்கு இருக்கு என்று சொல்லத்தான் ஆளைக் காணோம். மூட்டை தூக்கினாலும் பலம், கிணறு வெட்டினாலும் பலம், பறை அடித்தாலும் பலம். யோசிப்பது மட்டும் யாரோ வேறு ஆள் போல.

குத்துச்சண்டையில் கிட்ட நின்று போடுகிற சண்டையைப் பற்றி நான் எழுத உட்கார்ந்ததற்கு இந்த மனத்தாங்கல்தான் காரணம். அதற்கு முன்னால் எங்கள் சித்தப்பாவைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

சித்தப்பா எலுமிச்சை மார்க்கெட்டில் மூட்டை தூக்கியவர். குட்டை ஆள். கம்பு சுற்றுவார். ஆனால் அவருக்கு ஆசான் கிடையாது. எங்கள் தெருப் பயல்களுக்குக் கம்பு சொல்லித்தர ஊருக்குள் யாரும் தயாராக இல்லாத காலம் அது. கோயில் கொடையில் அவர்கள் ஆடும்போது தள்ளி நின்று பார்க்கலாம், அவ்வளவுதான். தள்ளி நின்று பார்த்தே அவர் ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். "ஏலே, கம்புக்கு அடி நுனியிலதாம்லே இருக்கு. கைப்பிடிகிட்ட ஒண்ணும் கெடையாது. நெட்டையன் நீளக்கம்பு வச்சிருந்தான்னா பின்னால ஓடாத. உள்ள போயிரு. கம்புக்குள்ள போயிட்டா அவன் கையில இருக்கது வெறும் வெறகு" என்பார். உள்ளே போகிற அந்த ஒரு எட்டுதான் உயிர்போகிற எட்டு என்றும் சொல்வார். எனக்கு அப்போது பத்து வயசு. புரியவில்லை.

1990களின் தொடக்கத்தில் படிக்கச் சென்னைக்குப் போனேன். விடுதி அறைச் சுவரில் அம்பேத்கர் நூற்றாண்டுச் சுவரொட்டி, பக்கத்தில் முகமது அலி. எங்கள் அறையில் மட்டுமில்லை, அந்தக் காலத்தில் நிறைய அறைகளில் இந்த ஜோடியைப் பார்க்கலாம். உடன் படித்த வடசென்னை நண்பன் ஒருநாள் என்னை அவன் பகுதிக்குக் கூட்டிக்கொண்டு போனான். ஒரு கொட்டகை, மணல் அடைத்த மூட்டை ஒன்று தொங்கியது, நாலைந்து பையன்கள், ஒரு கிழவர். அவரை எல்லோரும் வாத்தியார் என்றார்கள்.

வடசென்னைக் குத்துச்சண்டையைப் பற்றி இன்றைக்கு அதிகம் சொல்லத் தேவையில்லை. 2021இல் பா. ரஞ்சித்தின் படம் வந்த பிறகு சார்பட்டா பரம்பரையும் இடியாப்பப் பரம்பரையும் எல்லாருக்கும் தெரிந்த பேராகிவிட்டன. வெள்ளைக்காரன் கொண்டுவந்த ஆட்டத்தை மீனவர்களும் தலித்துகளும் துறைமுகக் கூலிகளும் ஆலைத் தொழிலாளிகளும் எடுத்துத் தங்கள் தெருவின் மானமாக மாற்றிக்கொண்டார்கள். கித்தேரி முத்து 1940களில் நாட் டெர்ரியைச் சாய்த்ததையும், பெரியார் அவருக்குத் திராவிட வீரன் என்று பட்டம் கொடுத்ததையும் அங்கே இன்றைக்கும் நேற்று நடந்ததுபோலச் சொல்வார்கள். பாருங்கள், அங்கேயும் வீரன்தான்!

வாத்தியார் வீரத்தைப் பற்றிப் பேசவேயில்லை. என்னை எதிரே நிற்கவைத்து நெஞ்சில் தன் நெற்றியை வைத்தார். "இப்ப குத்து தம்பி" என்றார். நான் கையை ஓங்கினேன். ஓங்க இடமில்லை. என் முழங்கை எங்கே போகுமோ அங்கே ஏற்கெனவே அவருடைய முன்கை இருந்தது. அவர் என் வலது விலாவுக்குக் கீழே, ஈரல் இருக்கிற இடத்தில், இடது முட்டியால் லேசாகத் தட்டினார். ஆறு அங்குலம்கூட இருக்காது. அப்படியே உட்கார்ந்துவிட்டேன். மூச்சு வர நேரமாயிற்று.

"கிட்ட வந்துட்டா கண்ணு வேலைக்காவாது. தோள்ல பாரு" என்றார். அடுத்து வந்த மாதங்களில் நான் தெரிந்துகொண்டது இவ்வளவு. நான் நல்ல சண்டைக்காரன் ஆகவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன்.

தூரத்துச் சண்டையில் எதிராளியின் கை புறப்படுவதைப் பார்த்து விலக நேரம் உண்டு. மார்போடு மார்பு ஒட்டி நின்றால் அந்த நேரம் இல்லை. அப்போது தோளும் நெற்றியும்தான் கண். எதிராளி இடதுகையால் குத்தப்போகிறான் என்றால் அவன் பாரம் இடதுகாலுக்கு மாறும். அந்த மாற்றம் அவன் தோள் வழியாக நம் தோளுக்கு வந்துவிடும். தொட்டுக்கொண்டிருப்பவனுக்கு அது தெரியும். தலை அவன் மோவாய்க்குக் கீழே இருக்க வேண்டும். அப்படி இருந்தால் அவன் தலை தானாக நிமிரும், நிமிர்ந்தவன் குத்தில் பலம் இருக்காது. கை எப்போதும் அவன் கைக்கு உள்பக்கம். யார் கை உள்ளே இருக்கிறதோ அவன்தான் சண்டையை நடத்துகிறவன். குத்து தோளிலிருந்து வராது, இடுப்பிலிருந்து வரும். குதிகாலைத் திருப்பினால் இடுப்பு திரும்பும், இடுப்பு திரும்பினால் மடக்கிய கை அதோடு போகும். கையை வீச வேண்டியதே இல்லை. அரை எட்டு பக்கவாட்டில் வைத்தால் அவனுக்கு நாம் இல்லை, நமக்கு அவன் இருக்கிறான். இதெல்லாம் வெளியே நின்று பார்ப்பவனுக்கு இரண்டு பேர் கட்டிப்பிடித்துக்கொண்டு முட்டுவதுபோலத்தான் தெரியும்.

இந்த வித்தையை யார் வளர்த்தார்கள்? கை நீளமானவன் வளர்க்கவில்லை. அவனுக்கு எதற்கு?

லண்டனில் டேனியல் மென்டோசா என்று ஒரு யூதர் இருந்தார். உயரம் 5 அடி 7 அங்குலம். 1789இல் குத்துச்சண்டைக் கலை பற்றிப் புத்தகமே எழுதியவர். பெரிய உடம்புக்காரர்களை விலகியும் தடுத்தும் உள்ளே புகுந்தும் வென்று பட்டத்தைப் பிடித்தார். 1795இல் ஜான் ஜாக்சன் அவரைத் தோற்கடித்தார். எப்படி? மென்டோசாவின் நீண்ட தலைமுடியை ஒரு கையால் பிடித்துக்கொண்டு மறுகையால் குத்தினார். விதியில் அதற்குத் தடை இல்லை. தோற்கடித்தவருக்கு வரலாற்றில் என்ன பெயர் தெரியுமா? ஜென்டில்மேன் ஜாக்சன்.

அந்தக் காலத்தில் கிட்டத்துச் சண்டை பாதி மல்யுத்தம். எதிராளியின் தலையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு குத்துவதற்குச் சான்சரி என்று பெயர். லண்டன் சான்சரி நீதிமன்றத்தில் மாட்டினால் மீள முடியாது என்பதால் வந்த பெயராம். நம் ஊர் கோர்ட்டுக்கும் பொருந்தும். 1867இல் குவீன்ஸ்பெரி விதிகள் வந்து கட்டிப்பிடிப்பதையும் தூக்கியடிப்பதையும் விலக்கின. கையுறை வந்தது, மூன்று நிமிட ரவுண்டு வந்தது. அதற்குப் பிறகு இரண்டு பேர் ஒட்டினால் ரெஃபரி 'பிரேக்' என்று பிரித்துவிடுவார். எப்போது பிரிக்க வேண்டும், எவ்வளவு நேரம் விட வேண்டும் என்பது அவர் கையில். கிட்டத்துச் சண்டைக்காரனின் விதி அன்றிலிருந்து இன்றுவரை அந்த ஒரு சொல்லில் தொங்குகிறது.

ஜாக் ஜான்சன் அடிமைகளாக இருந்தவர்களின் மகன். 1908இல் சிட்னியில் டாமி பர்ன்ஸை வென்று முதல் கறுப்பு ஹெவிவெயிட் சாம்பியன் ஆனவர். கிட்டத்தில் எதிராளியின் புஜங்களைப் பிடித்துக் குத்தைப் பிறக்கும் முன்னே கொன்றுவிடுவார். சின்ன அப்பர்கட்டால் தலையை நிமிர்த்துவார், சிரித்துப் பேசிக்கொண்டே அடிப்பார். இதே நிதானம் வெள்ளையரிடம் இருந்தால் புத்திசாலித்தனம், ஜான்சனிடம் இருந்தால் சோம்பல், கள்ளத்தனம். 1910 ஜூலை 4இல் ஜெஃப்ரீஸை 15ஆவது ரவுண்டில் வீழ்த்தினார். அன்று இரவு அமெரிக்க நகரங்களில் கறுப்பர்கள் தாக்கப்பட்டார்கள், உயிர்கள் போயின. குத்துச்சண்டைப் படங்களை மாநிலம் விட்டு மாநிலம் கொண்டுபோகக் கூடாது என்று 1912இல் சட்டமே போட்டார்கள். வித்தையைப் பார்க்கவே விடக் கூடாது என்பது எங்கள் சித்தப்பாவுக்குத் தெரிந்த சட்டம்தான்.

ஹென்றி ஆர்ம்ஸ்ட்ராங் 1938இல் மூன்று எடைப்பிரிவுகளின் உலகப் பட்டங்களை ஒரே நேரத்தில் வைத்திருந்தவர். ஐந்தரை அடி உயரம். நெற்றியை எதிராளியின் தோளில் ஊன்றி ஓயாமல் குத்துவார். அவரைப் பற்றி இன்னும் எழுதலாம், ஆனால் நான் சொல்ல வந்தது ஜோ ஃப்ரேசியரை.

ஃப்ரேசியர் 1944இல் தென்கரோலினாவில் பியூஃபோர்ட்டில் பிறந்தார். பன்னிரண்டாவது பிள்ளை. அப்பாவுக்கு இடதுகை போய்விட்டிருந்தது, யாரோ சுட்டதில். ஜோதான் அப்பாவுக்கு இடதுகை. அவர் பிடிக்க வேண்டியதை இவர் பிடிப்பார். சாக்கில் துணியையும் மக்காச்சோளக் கட்டையையும் அடைத்து நடுவில் செங்கல் வைத்து மரத்தில் தொங்கவிட்டுக் குத்திப் பழகினார். சிறுவயதில் பன்றி துரத்தி விழுந்ததில் அவருடைய இடதுகை சரியாக நீளாமல் போயிற்று. மடங்கியபடியே நின்ற அந்தக் கைதான் உலகத்தின் மிகச்சிறந்த இடது ஹூக் ஆனது. பிலடெல்பியாவில் கசாப்புக்கூடத்தில் வேலை பார்த்தார். 1964இல் டோக்கியோவில் ஒலிம்பிக் தங்கம்.

1971 மார்ச் 8. அலியின் உயரம் 6 அடி 3 அங்குலம், ஃப்ரேசியர் ஆறு அடிக்கும் கொஞ்சம் குறைவு. கையெட்டு அலிக்கு ஐந்து அங்குலம் அதிகம். அந்த ஐந்து அங்குலத்தைத் தாண்டுவதுதான் ஃப்ரேசியரின் வேலை. எட்டி ஃபட்ச் என்ற பயிற்சியாளர் ஒன்று கவனித்திருந்தார். அலி வலதுகையால் அப்பர்கட் போடும்போது அந்தக் கையைக் கீழே இறக்குவார், அப்போது முகத்தின் அந்தப்பக்கம் காவல் இல்லை. ஆகவே நீ குனிந்துகொண்டே போ, அப்பர்கட் போட அவனுக்கு ஆசை காட்டு, கை இறங்கியதும் இடது ஹூக்கைப் போடு என்றார். 15ஆவது ரவுண்டில் அலி மல்லாந்து விழுந்தார். அது முரட்டுக் குத்து என்று எழுதுகிறவர்கள் எழுதட்டும். அது கணக்கு.

1974இல் அலி பாடம் படித்துவிட்டார். ஃப்ரேசியர் உள்ளே வந்ததும் இடதுகையால் அவர் பிடரியைப் பிடித்து அமுக்கிவிடுவார், ரெஃபரி பிரிப்பார், மறுபடியும் தூரம். நூறு தடவைக்கு மேல் பிடித்தார் என்று ஃபட்ச் எண்ணிச் சொன்னார். ரெஃபரி கண்டிக்கவில்லை. மென்டோசாவின் முடி ஞாபகம் வருகிறது. 1975இல் மணிலாவில் 14 ரவுண்டு. கண் மூடிப்போன ஃப்ரேசியரை ஃபட்ச் எழ விடவில்லை.

அந்தச் சண்டைகளுக்கு முன்னால் அலி பேசியதுதான் எனக்கு இன்றைக்கும் தொண்டையில் நிற்கிறது. பட்டாளத்துக்குப் போக மறுத்ததற்காக அலிக்கு ஆடத் தடை இருந்த காலத்தில் பணம் கொடுத்து, அவருக்காகப் பேசியவர் ஃப்ரேசியர். அவரை அலி வெள்ளையனுக்கு அடிமை என்றார், மணிலாவில் கொரில்லா என்றார், பொம்மைக் குரங்கை வைத்துக் குத்திக் காட்டினார். குத்தகை விவசாயக் கூலியின் மகனை, கசாப்புக்காரனை, குட்டையனை. ஃப்ரேசியரின் வித்தையை மிருகத்தனம் என்று பேர் வைத்தது வெள்ளையன் மட்டுமில்லை, நம்ம அலியும்தான். 2001இல் அலி பத்திரிகை வழியாக வருத்தம் சொன்னார். முப்பது வருஷம். அலி படத்தை நான் சுவரிலிருந்து எடுக்கவில்லை, எடுக்கவும் மாட்டேன். ஆனால் நம் ஆளும் நம் ஆளைப் பார்த்து இதைச் சொல்ல முடியும் என்பதை நம் இயக்கங்களில் இருப்பவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

வாத்தியார் 1980இல் அலி சென்னை வந்தபோது நேரு ஸ்டேடியத்தில் நேரில் பார்த்தவர். அலியோடு காட்சிப் போட்டி ஆடியது ஜிம்மி எல்லிஸ். "ஆடுனாரு, அழகா ஆடுனாரு. அந்த எல்லிஸை 1970ல ஃப்ரேசியர் ரெண்டு தபா கீழ போட்டாரு, தெரியுமா?" என்பார்.

1990களில் அந்தக் கொட்டகைப் பையன்கள் போட்டிகளுக்குப் போய்த் தோற்று வருவார்கள். வாத்தியார் தலையில் அடித்துக்கொள்வார். 1988 சியோல் ஒலிம்பிக்கில் நடந்த அநியாயத் தீர்ப்புக்குப் பிறகு, 1992 பார்சிலோனாவிலிருந்து கம்ப்யூட்டர் வந்திருந்தது. ஐந்து நடுவர்கள், அவர்களில் மூன்று பேராவது ஒரே நொடிக்குள் பொத்தானை அழுத்தினால்தான் குத்து கணக்கில் சேரும். நீட்டிய கையால் முகத்தில் பட்டென்று போடும் குத்து மூன்று பேருக்கும் தெரியும். விலாவில் விழும் ஆறு அங்குலக் குத்து யாருக்குத் தெரியும்? வாங்கியவனுக்குத் தெரியும். அவன் கையில் பொத்தான் இல்லை. 2013இல் அந்த முறையை எடுத்துவிட்டார்கள். அதற்குள் இருபது வருஷத்துப் பையன்கள் தூர நின்று தொட்டுவிட்டு ஓடவே படித்திருந்தார்கள். "எங்க வேலை மெஷினுக்குத் தெரியலபா" என்று வாத்தியார் சொன்னது காதில் இருக்கிறது.

2011 நவம்பரில் ஃப்ரேசியர் இறந்த செய்தி வந்தபோது நான் ஊரில் இருந்தேன். சித்தப்பா மூட்டை தூக்குவதை விட்டிருந்தார், முதுகு போய்விட்டது. திண்ணையில் உட்கார்ந்து பேப்பரை வாசித்துக் காட்டினேன். பன்றி துரத்தியது, கை நீளாமல் போனது, அலி விழுந்தது எல்லாம் சொன்னேன். குரங்கு கதையையும் சொன்னேன். அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

"அப்பனுக்கு ஒத்தக்கைன்னியே, இவம்தானே அவருக்கு எடதுகை?"

"ஆமா சித்தப்பா."

"அப்ப ஒட்டி நின்னுதாம்லே வேல பாத்துருப்பான்" என்றார். பிறகு எழுந்து, முதுகைப் பிடித்துக்கொண்டே, எலுமிச்சை மூட்டையை எப்படி முதலில் வயிற்றோடு அணைத்து அப்புறம் தோளுக்கு ஏற்ற வேண்டும், உடம்பை விட்டு ஒரு சாண் தள்ளிப்போனால் அதே மூட்டை எப்படி இரண்டு மூட்டையாகக் கனக்கும் என்று வெறுங்கையால் செய்து காட்ட ஆரம்பித்தார்.