முதல் மோட்டார் எதை வாங்குவது? தோட்டத்து, பட்டணத்து வீடுகளுக்குச் சில கணக்குகள்

கோலா கங்சார்: எஸ்.பி.எம். தேர்வு முடிந்த மறுநாளே நம் வீடுகளில் ஒரு பேச்சு தொடங்கிவிடும். "அப்பா, மோட்டார் எப்ப?" தோட்டத்து வீடும் சரி, பட்டணத்துத் தாமான் வீடும் சரி, இதில் வேறுபாடு இல்லை. மகனுக்கு மட்டுமல்ல, சுங்கை சிப்புட்டிலோ ஈப்போவிலோ வேலை கிடைத்த மகளுக்கும் இப்போது அதே தேவைதான். பேருந்தை நம்பிக் காலை ஷிப்டுக்கு நேரத்தோடு போய்ச் சேர முடியாது. கார் வாங்க வசதி இல்லை. ஆகவே மோட்டார் வேண்டும் என்பதில் சண்டை கிடையாது. எந்த மோட்டார் என்பதில்தான் சண்டை.

பிள்ளை கேட்பது ஒய்15 அல்லது ஆர்.எஸ். போன்ற 150 சிசி வண்டி. தகப்பனார் சொல்வது கப்சாய். இந்தக் கட்டுரை தகப்பனார் பக்கம் நிற்கிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். "எங்க காலத்துல..." என்று அவர் ஆரம்பிக்கும் காரணங்களுக்காக அல்ல. வேறு காரணங்கள் இருக்கின்றன.

மலேசியாவில் சாலை விபத்தில் உயிரிழப்பவர்களில் பத்துக்கு ஆறு பேருக்கு மேல் மோட்டார் சைக்கிளில் சென்றவர்கள். ஆண்டுதோறும் வெளிவரும் கணக்கு இதையேதான் திரும்பத் திரும்பச் சொல்கிறது. நமக்குக் கணக்குகூடத் தேவையில்லை. இந்த வட்டாரத்தில் எந்தத் தோட்டத்தில், எந்தத் தாமானில் போய்க் கேட்டாலும் ஒரு பையனின் பெயரைச் சொல்வார்கள்.

கப்சாய் வந்த கதை

ரப்பரும் மோட்டாரும் நம் வட்டாரத்தில் ஒன்றை ஒன்று ஒட்டியே இருந்தவை. 1877இல் ஹியூ லோ ரெசிடெண்டாக இருந்தபோது ரப்பர் கன்றுகள் நடப்பட்ட ஊர் கோலா கங்சார். பழைய மரம் ஒன்று இன்னும் மாவட்ட அலுவலகத்தின் அருகே நிற்கிறது. அந்த ரப்பரை நம்பி வந்தவர்கள் லயத்திலிருந்து பெரட்டுக்கு நடந்தே போனார்கள். பிறகு சைக்கிள் வந்தது. அதன் பிறகு ஹோண்டா வந்தது.

ஜப்பானில் 1958இல் ஹோண்டா வெளியிட்ட 'சூப்பர் கப்' வண்டிதான் மூலம். அந்த 'கப்'புடன் சின்னப் பையன் என்று பொருள்படும் சீனர் வழக்குச் சொல்லான 'சாய்' சேர்ந்து கப்சாய் ஆனது என்பார்கள். பினாங்கைச் சேர்ந்த லோ பூன் சியூ ஹோண்டாவை இங்கே விற்பனைக்குக் கொண்டுவந்தார். 1996இல் கெடா, குருணில் தயாரான மோடெனாஸ் கிறிஸ் நாட்டின் சொந்த மோட்டாராக வெளிவந்தது. பால் வாளியைப் பின்னால் கட்டிக்கொண்டும், முன்னால் பிள்ளையை நிறுத்திக்கொண்டும் (இது தவறு என்று இன்று தெரியும்) நம் பெரியவர்கள் ஓட்டியது இந்த வகை வண்டியைத்தான். அதற்குக் காரணம் ஏழ்மை மட்டும் அல்ல. செம்மண் பாதைக்கு அது பொருந்தியது, எந்தப் பட்டறையிலும் அதற்குச் சாமான் கிடைத்தது.

நம் சாலைகள் மூன்று வகை

வண்டியைப் பார்ப்பதற்கு முன் அது ஓடப்போகும் சாலையைப் பாருங்கள். முதலாவது தோட்டத்துப் பாதை. செம்மண், சரளைக்கல், மழை பெய்தால் சறுக்கும் சேறு, வழியில் மாடு. செம்பனைக் குலை ஏற்றும் லாரி போன பிறகு தார்ச்சாலையின் முகப்பிலும் மண் கிடக்கும்.

இரண்டாவது கூட்டரசுச் சாலை. சுங்கை சிப்புட், செம்மோர் வழியாக ஈப்போ போகும் சாலையும், பாடாங் ரெங்காஸ் தாண்டி புக்கிட் பெராப்பிட் வளைவுகளில் ஏறி தைப்பிங் பக்கம் போகும் சாலையும் இதில் சேரும். கனரக லாரியும் பேருந்தும் தோளை உரசிக்கொண்டு போகும் இடங்கள் இவை.

மூன்றாவது பிளஸ் நெடுஞ்சாலை. மோட்டாருக்கு டோல் கட்டணம் இல்லை என்பதால் ஈப்போவில் வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு இதில் ஆசை அதிகம். மெனோரா சுரங்கப் பாதையை ஒட்டிய நீண்ட இறக்கத்தில் மழை நாளில் லாரி பக்கத்தில் வரும்போது காற்று வண்டியைத் தள்ளும். அனுபவசாலிக்கே கை இறுகும் இடம் அது. புதிதாக ஓட்டுகிறவர் முதல் ஆறு மாதம் அந்தப் பக்கம் போக வேண்டாம் என்பது என் கருத்து. பழைய சாலையில் போனால் கூடுதல் நேரம் ஆகும். அரை மணி முன்னதாகக் கிளம்பினால் தீர்ந்தது.

கால் எட்டுகிறதா?

கடைக்குப் போனதும் முதலில் விலையைக் கேட்காதீர்கள். பிள்ளையை வண்டியில் உட்காரச் சொல்லுங்கள். இரண்டு பாதமும் தரையில் முழுதாகப் பதிகிறதா? நுனிக்கால் மட்டும் பட்டால் அது அவருக்கு உரிய வண்டி அல்ல. சமமான கடைத் தரையில் அது பெரிய குறையாகத் தெரியாது. சரிவில், சரளைக்கல்லில், பின்னால் தங்கையை ஏற்றிக்கொண்டு நிற்கும்போதுதான் தெரியும். புதியவர்கள் பலர் வண்டியைக் கீழே போடுவது ஓடும்போது அல்ல, நிறுத்தும்போது.

அடுத்து, எஞ்சினைப் போடாமல் வண்டியைத் தள்ளித் திருப்பச் சொல்லுங்கள். தனி ஆளாக டபுள் ஸ்டாண்டில் ஏற்றி நிறுத்தச் சொல்லுங்கள். சாதாரணக் கப்சாய் ஏறக்குறைய 100 கிலோ எடை. உயரம் குறைந்த பெண் பிள்ளையும் இரண்டு முறை முயன்றால் ஏற்றிவிடலாம். தவுக்கே "பழகிடும்லா" என்பார். பழகும்தான். அதற்குள் இரண்டு முறை விழுந்திருக்கும்.

கிளட்ச், பிரேக்

கப்சாயில் கையால் பிடிக்கும் கிளட்ச் கிடையாது. காலால் கியரை மிதித்தால் கிளட்ச் தானாகவே விலகிச் சேரும். வேகம் குறைந்து நின்றாலும் எஞ்சின் அணைவதில்லை. 150 சிசி வண்டிகளில் இடது கையில் கிளட்ச், காலில் ஐந்து அல்லது ஆறு கியர். ஏற்றத்தில் நின்று கிளம்பும்போது கிளட்சைச் சட்டென்று விட்டால் எஞ்சின் அணையும், அல்லது வண்டி முன்னே பாயும். கற்றுக்கொள்ள முடியாத வித்தை அல்ல. ஆனால் முதல் மாதங்களில் ஓட்டுகிறவரின் கவனம் முழுவதும் சாலையில் இருக்க வேண்டும். அதில் பாதியைக் கிளட்சுக்குக் கொடுத்துவிட்டால், சந்திலிருந்து வெளியே வரும் காரை யார் பார்ப்பது?

வலது கை மணிக்கட்டையும் கவனிக்க வேண்டும். குழியில் வண்டி குலுங்கும்போது புதியவர் கைப்பிடியை இறுகப் பிடிப்பார். அப்போது தன்னை அறியாமல் முறுக்கிவிடுவார். கப்சாய் அதற்குக் கொஞ்சம் உறுமும், அவ்வளவுதான். பலமான எஞ்சின் சீறிப் பாயும்.

வேகத்துக்கு ஒரு கணக்கு. மணிக்கு 60 கிலோமீட்டரில் போகும் வண்டி ஒரு விநாடியில் ஏறக்குறைய 17 மீட்டர் நகர்கிறது. கண் பார்த்து, மூளை அறிந்து, கை பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்தத் தூரம் கடந்துவிடும். 90இல் போனால் விநாடிக்கு 25 மீட்டர். பிரேக் பிடித்த பிறகு நிற்கத் தேவைப்படும் தூரமோ 60இல் தேவைப்படுவதைப்போல் இரண்டே கால் மடங்கு. வேகம் ஒன்றரை மடங்கு கூடினால் நிற்கும் தூரம் ஒன்றரை மடங்கு மட்டும் கூடுவதில்லை. இதைப் பிள்ளைகளிடம் யாரும் சொல்வதில்லை.

முன் சக்கரத்தில் டிஸ்க் பிரேக் உள்ள வண்டியாகப் பாருங்கள். விலையில் சில நூறு வெள்ளி வித்தியாசம் வரலாம், கொடுக்கலாம். "முன் பிரேக்கைப் பிடிச்சா தலைகுப்புற விழுவடா" என்று பயமுறுத்தி வளர்த்ததால் நம்மில் பலர் பின் பிரேக்கை மட்டுமே மிதிக்கிறோம். நிற்கும் வலிமையில் பெரும்பங்கு முன் சக்கரத்தில்தான் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து, மெல்ல அழுத்திக்கொண்டே போக வேண்டும். செம்மண்ணில் மட்டும் முன் பிரேக்கில் கை இலேசாக இருக்கட்டும்.

ஸ்கூட்டர் வேண்டும் என்று கேட்கும் பிள்ளைகளும் உண்டு. தாமானுக்கும் பட்டணத்துக்கும் நல்ல வண்டி. கியர் தொல்லை இல்லை, இருக்கைக்கு அடியில் மழைச் சட்டை வைக்கலாம். ஆனால் சக்கரம் சிறியது. கப்சாயின் 17 அங்குலச் சக்கரம் ஏறிக் கடக்கும் குழியில் சிறிய சக்கரம் இறங்கி மாட்டிக்கொள்ளும். தோட்டத்துப் பாதையில் தினமும் போகிறவருக்குப் பொருந்தாது.

தவணையில் கவனம்

புதிய கப்சாய் ஐயாயிரம் வெள்ளியைச் சுற்றி இருக்கிறது. கடையில் யாரும் மொத்த விலையைப் பேசுவதில்லை. "மாசம் 175தான் அண்ணே" என்பார்கள். 6,000 வெள்ளிக் கடனை 48 மாதத்துக்கு 175ஆகக் கட்டுவதாக வைத்துக்கொள்வோம். பெருக்கிப் பாருங்கள், 8,400 வெள்ளி. விலை கூடிய வண்டிக்கு இதே கணக்கைப் போட்டால் இன்னும் தெளிவாகும். கையெழுத்துப் போடும் முன் மாதத் தொகையை மாதங்களால் பெருக்கி, அந்த எண்ணைப் பிள்ளையின் கண் முன்னே தாளில் எழுதுங்கள். பெரும்பாலும் கடனோ உத்தரவாதமோ அம்மா பெயரில்தான் இருக்கும். தவணை நின்றால் கடிதம் வருவதும் அவர் பெயருக்குத்தான்.

சாலை வரியில் பெரிய சுமை இல்லை. 150 சிசி வரை ஆண்டுக்கு 2 வெள்ளி. அதைத் தாண்டி 200 சிசி வரை 30 வெள்ளி, 250 வரை 50 வெள்ளி. காப்புறுதி வேறு. செயின், டயர், எண்ணெய் என்று பார்த்தாலும் கப்சாய்க்கே செலவு குறைவு. ஒரு முறை மாற்றும் எஞ்சின் எண்ணெய் ஒரு லிட்டர்கூட வராது.

பழைய வண்டி வாங்குவதில் தவறில்லை. முதல் வண்டி எப்படியும் ஒரு முறை கீழே விழும், அது பழையதாகவே இருக்கட்டும் என்பவர்களும் உண்டு. ஆனால் கெரானில் உள்ள எஞ்சின் எண்ணும் சேசிஸ் எண்ணும் வண்டியில் உள்ளவற்றோடு ஒத்துப்போகிறதா என்று நீங்களே குனிந்து பாருங்கள். நிலுவையில் சம்மன் இருக்கிறதா என்று கேளுங்கள். பெயர் மாற்றாமல் "பிறகு பார்த்துக்கலாம்" என்று வாங்க வேண்டாம். என் முதல் மோட்டார் ஒரு பட்டறையில் வாங்கிய பழைய வண்டி. பளபளவென்று சாயம் அடித்திருந்தார்கள். ஓட்டினால் எப்போதும் இடது பக்கம் இழுக்கும். எனக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை என்று மூன்று மாதம் நினைத்திருந்தேன். முன் ஃபோர்க் வளைந்திருந்ததை வேறொரு போர்மேன் பார்த்துச் சொன்னார். தெரிந்த போர்மேன் ஒருவரைக் கூட்டிப் போங்கள். அவருக்கு ஒரு தே தாரிக்கும் கொஞ்சம் கைச்செலவும் கொடுத்தாலும் நட்டமில்லை.

லைசென்ஸ் முதலில், மோட்டார் பிறகு

16 வயதில் பி2 உரிமம் எடுக்கலாம். இதில் 250 சிசி வரை ஓட்ட அனுமதி உண்டு. வகுப்பில் உட்கார வேண்டும், கணினித் தேர்வில் 50 கேள்விக்கு 42 சரியாக இருக்க வேண்டும், பிறகு பயிற்சி, ஜே.பி.ஜே. தேர்வு. எல் உரிமத்தில் பின்னால் ஆள் ஏற்றக்கூடாது. தேர்ச்சி பெற்ற பின் இரண்டு ஆண்டுகள் பி உரிமம். அதில் குற்றப் புள்ளிகள் சேர்ந்தால் உரிமமே ரத்தாகும். வசதி குறைந்த குடும்பங்களுக்காக அரசாங்கம் மைலெசென் பி2 திட்டத்தையும் கொண்டுவந்தது. இப்போது இடம் இருக்கிறதா என்று ஜே.பி.ஜே. அலுவலகத்திலும் வாகனமோட்டும் பயிற்சி நிலையத்திலும் விசாரியுங்கள்.

தோட்டத்துக்குள் பதினான்கு வயதுப் பையனிடம் சாவியைக் கொடுத்து "கடைக்குப் போய் சீனி வாங்கிட்டு வாடா" என்று அனுப்பும் பழக்கம் இன்னும் இருக்கிறது. உரிமம் இல்லாமல் ஓட்டி மோதினால் காப்புறுதி நிறுவனம் இழப்பீடு தர மறுக்கலாம். அடிபட்டவர் பக்கத்து வீட்டுப் பாட்டியாகவும் இருக்கலாம்.

வண்டிக்கு ஒதுக்கிய பணத்தில் தலைக்கவசத்துக்கு முதலிலேயே ஒரு பங்கை எடுத்து வைத்துவிடுங்கள். 1973 முதல் அது கட்டாயம். 1992 முதல் பகலிலும் முன்விளக்கு எரிய வேண்டும். சிரிம் முத்திரை உள்ளதா, தலையை ஆட்டினால் ஆடாமல் இருக்கிறதா, வார் பூட்டுகிறதா என்று பாருங்கள். அப்பாவின் பழைய கவசம் அப்பாவின் தலைக்குத்தான். கீழே விழுந்து அடிபட்ட கவசத்தை மீண்டும் போட வேண்டாம். ஜப்பான் சிலிப்பரோடு கியர் மிதிப்பதையும் இன்றோடு விட்டுவிடலாம்.

வேலைக்குப் போகிற பிள்ளைக்கு இன்னொரு செய்தி. சொக்சோவில் பதிவு பெற்றவருக்கு வீட்டுக்கும் வேலையிடத்துக்கும் இடையிலான பயணத்தில் நேரும் விபத்துக்கும் பாதுகாப்பு உண்டு. நடுவில் வேறு வேலைக்காக வழி விலகிப் போயிருந்தால் அது சிக்கலாகும். முதலாளி சந்தாவைக் கட்டுகிறாரா என்று சம்பளச் சீட்டில் பார்த்துக்கொள்ளச் சொல்லுங்கள்.

வண்டி வீட்டுக்கு வந்த முதல் வாரம் மாலையில் தோட்டத்துப் பாதையிலோ காலியான திடலிலோ பிரேக் பிடித்துப் பழகட்டும். அடுத்து ஞாயிறு காலை, போக்குவரத்து இல்லாத நேரத்தில், ஆற்றைக் கடந்து சாயோங் வரை போய்த் திரும்பட்டும். ஒரு முறை மழையில், மெதுவாக, பெரியவர் ஒருவர் பின்னால் வேறு வண்டியில் வர ஓட்டிப் பார்க்கட்டும். அதன் பிறகு சுங்கை சிப்புட். ஈப்போ அப்புறம்.