பாட்டனுக்குப் பாட்டன் யார்?

உங்கள் தந்தையின் பெயரை நீங்கள் அறிவீர்கள். பாட்டனாரின் பெயரும் தெரிந்திருக்கும். அந்தப் பாட்டனாரைப் பெற்ற தாயின் பெயர் என்ன? அவள் எந்த ஊரில் பிறந்தவள்? பெரும்பாலோர் இந்தக் கேள்விக்கு விடை சொல்ல இயலாமல் நின்றுவிடுவார்கள். அரசர்களின் பட்டியலைப் பள்ளியில் மனப்பாடம் செய்கிறோம். நூறு ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த நம் சொந்த இரத்தத்தைப் பற்றி ஒரு வரியும் அறியோம்.

குடும்ப வரலாற்றை ஆராய்வது பெருமை பேசுவதற்கான வேலை என்று சிலர் எண்ணுகிறார்கள். அப்படியன்று. சான்றுகளைத் திரட்டி, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, பிழையைக் கழித்து உண்மையை நெருங்கும் முறை ஆய்வுக்கூடத்தில் எதுவோ, அதுவே இங்கும். அதன் வழிகளைச் சற்றுக் காண்போம்.

எத்தனை முன்னோர்?

முதலில் ஒரு சிறு கணக்கு. நமக்குப் பெற்றோர் இருவர்; பாட்டன் பாட்டியர் நால்வர்; அதற்கு முந்தைய தலைமுறையில் எண்மர். ஒவ்வொரு தலைமுறைக்கும் எண்ணிக்கை இரட்டிக்கிறது. பத்தாம் தலைமுறையில் 1,024 பேர். இருபதாம் தலைமுறையில் 10,48,576 பேர். முப்பதாம் தலைமுறையில் 107 கோடிக்கும் மேல்! தலைமுறைக்கு 25 ஆண்டு என்று வைத்தால், முப்பது தலைமுறை என்பது 750 ஆண்டு. அந்தக் காலத்தில் உலக மக்கள்தொகை முழுவதும் சேர்ந்தே 50 கோடியை எட்டவில்லை. அப்படியானால் கணக்கில் எங்கே கோளாறு?

கணக்கு சரிதான். ஒரே ஆள் பல கிளைகளில் முன்னோராக வருகிறார் என்பதே விடை. மாமன் மகளை மணந்தவரின் குழந்தைக்கு, பாட்டன் பாட்டியரைப் பெற்றவர்கள் எட்டுப் பேர் இல்லை, ஆறு பேரே. சொந்தத்தில் மணம் முடிக்கும் வழக்கமுள்ள நம் நாட்டில் இப்படிக் கிளைகள் மீண்டும் மீண்டும் இணைகின்றன. ‘எங்கள் வம்சம் தனி வம்சம்’ என்று யாரேனும் சொன்னால், இந்தப் பெருக்கல் வாய்பாட்டை அவரிடம் காட்டலாம்.

பெயர் என்னும் புதிர்

மேல்நாட்டில் குடும்பப் பெயர் தலைமுறை தலைமுறையாகத் தொடர்கிறது. நமக்கோ தந்தையின் பெயரே தலையெழுத்து. ஆகவே பழைய ஏடுகளில் ஒருவரைக் கண்டுபிடிக்க அவர் பெயர், தந்தை பெயர், ஊர் ஆகிய மூன்றும் வேண்டும்.

மூன்றும் கிடைத்தாலும் சிக்கல் தீர்வதில்லை. பாட்டன் பெயரைப் பெறுபவன் என்பதால்தானே அவன் ‘பேரன்’ எனப்படுகிறான்! கந்தசாமி மகன் முத்துசாமி. முத்துசாமி மகன் கந்தசாமி. அவன் மகன் மீண்டும் முத்துசாமி. ‘கந்தசாமி மகன் முத்துசாமி’ என்று ஒரு பத்திரத்தில் கண்டால், அவர் பாட்டனா பேரனா என்று பெயரைக் கொண்டு மட்டும் சொல்ல முடியாது. காலத்தைக் கொண்டுதான் பிரித்தறிய வேண்டும்.

காலத்தைக் கணிப்பதிலும் ஒரு பொறி உண்டு. பழைய குறிப்புகளில் ஆங்கில ஆண்டு அரிதாகவே இருக்கும். ‘பார்த்திப வருஷம் ஆனி மாதம்’ என்று எழுதியிருப்பார்கள். நம் ஆண்டுப் பெயர்கள் அறுபது. பிறகு அதே பெயர்கள் திரும்பி வரும். 1885-86ம் பார்த்திப ஆண்டு. 1945-46ம் பார்த்திப ஆண்டு. பாட்டனுக்கும் பேரனுக்கும் இடைவெளி ஏறத்தாழ அறுபது ஆண்டாகவே அமைவதுண்டு என்பதை எண்ணிப் பாருங்கள். பெயரும் ஒன்று, தந்தை பெயரும் ஒன்று, ஆண்டும் ஒன்று!

அரசு ஏடுகளில் பசலி ஆண்டு வரும். பசலியோடு 590ஐக் கூட்டினால் அது தொடங்கும் ஆங்கில ஆண்டு கிடைக்கும். பசலி 1295 என்பது 1885 ஜூலை முதல் 1886 ஜூன் வரை. நெல்லை, குமரிப் பகுதிகளில் கொல்லம் ஆண்டும் வரும். ஆவணியில் தொடங்கி டிசம்பர் வரை அதனோடு 824ஐயும், அதற்குப் பின் 825ஐயும் கூட்ட வேண்டும். இவ்விரண்டும் தொடர்ந்து எண்ணப்படுபவை ஆதலால் அறுபதாண்டுக் குழப்பம் இவற்றில் இல்லை.

ஜாதகக் கட்டம் சொன்ன சேதி

இந்தக் குழப்பத்தை வானியலால் தீர்க்க முடிந்த ஒரு நிகழ்ச்சியைச் சொல்கிறேன். என் உறவினர் வீட்டுத் தகரப் பெட்டியில் கரையான் அரித்த ஜாதகம் ஒன்று கிடைத்தது. பெயரும் தந்தை பெயரும் தெளிவாக இருந்தன. பார்த்திப ஆண்டு, ஆனி மாதம். தாயின் பெயர் இருந்த இடம் அரிக்கப்பட்டுவிட்டது. அந்தக் குடும்பத்தில் அதே பெயரில் ஒரு பாட்டனாரும், இளம் வயதிலேயே இறந்துபோன ஒரு பேரனும் இருந்தார்கள். பேரன் ‘யுத்தம் முடிகிற சமயத்தில்’ பிறந்தான் என்று ஓர் அத்தை தம் நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைத்திருந்தார். அது 1945. ஆகவே ஜாதகம் பேரனுடையதே என்று எல்லாரும் எண்ணியிருந்தார்கள்.

ஜோதிடத்தில் நம்பிக்கை உள்ளவரும் சரி, இல்லாதவரும் சரி, ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும். ஜாதகக் கட்டம் என்பது குழந்தை பிறந்த நேரத்தில் கோள்கள் எந்தெந்த இராசியில் இருந்தன என்பதைக் குறித்த வானியல் பதிவு. சூரியன் மாதத்தைக் காட்டும். சந்திரன் ஓர் இராசியில் ஏறத்தாழ இரண்டேகால் நாளே தங்குவதால் நாளை நெருங்கிக் காட்டும். வியாழன் சூரியனைச் சுற்றிவர சுமார் 11.86 ஆண்டு, சனிக்கு சுமார் 29.5 ஆண்டு.

ஆனால் இங்கே வியாழனும் சனியும் உதவ மாட்டா. அறுபது ஆண்டில் வியாழன் ஐந்து சுற்றும், சனி இரண்டு சுற்றும் முடித்துவிட்டு, புறப்பட்ட இடத்துக்கு அருகிலேயே வந்து நிற்கின்றன. வியாழன் 21 பாகை அளவும், சனி 13 பாகை அளவும்தான் தள்ளியிருக்கும். ஓர் இராசியின் அகலமோ 30 பாகை. 1885 ஆனியிலும் குரு சிம்மத்தில், சனி மிதுனத்தில். 1945 ஆனியிலும் குரு சிம்மத்தில், சனி மிதுனத்தில்!

கை கொடுத்தது இராகு. இராகு ஒரு கோளன்று. சந்திரனின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகளில் ஒன்று. அது பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டுக்கு ஒரு சுற்று வருகிறது. அறுபது ஆண்டில் மூன்று சுற்று முடித்து, மேலும் 80 பாகைக்குச் சற்று அதிகமாக நகர்ந்துவிடும். 1885 ஆனியில் இராகு கன்னியில். 1945 ஆனியில் மிதுனத்தில். அரித்துப்போன அந்தத் தாளில் இராகு கன்னியில் இருந்தது. ஜாதகம் பாட்டனாருடையது. அவர் பிறந்தது 1885.

இதனால் என்ன விளைந்தது என்று கேட்கலாம். அந்தக் குடும்பத்தில் வழிவழியாக ஒரு கதை உண்டு. தாது வருஷப் பஞ்சத்தில் இந்தப் பாட்டனாரைக் குழந்தையாகக் கூடையில் சுமந்துகொண்டு ஊர்விட்டு ஊர் வந்தார்கள் என்பது கதை. தாது வருஷப் பஞ்சம் 1876 முதல் 1878 வரை நிகழ்ந்தது. 1885இல் பிறந்தவர் அந்தக் கூடையில் இருந்திருக்க முடியாது. கதை பொய் என்று தள்ளிவிடலாமா? கூடாது. கதை உண்மையாகவே இருக்கலாம். கூடையில் இருந்தவர் அவருடைய அண்ணனாக இருக்கலாம். வாய்மொழிக் கதைகளில் நிகழ்ச்சி நிலைத்து நிற்கும், ஆள் மாறிவிடுவார். பூர்வீக ஊரைத் தேட வேண்டியது ஒரு தலைமுறைக்கு மேலே என்பது அந்தக் குடும்பத்தாருக்கு இப்போது தெரிந்துவிட்டது.

ஏடுகள் எங்கே இருக்கின்றன?

நிலம் உள்ள குடும்பத்துக்கு முதற்சான்று பத்திரம். இன்றைய பத்திரம் தன் தாய்ப்பத்திரத்தைச் சுட்டும். அது தனக்கு முந்தையதைச் சுட்டும். இப்படிச் சங்கிலியாகப் பின்னோக்கிப் போகலாம். மூலப் பத்திரம் தொலைந்திருந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் நகல் கேட்கலாம். நான்கெல்லை எழுதிய பகுதியைப் படிக்காமல் விடாதீர்கள். அடுத்த நிலத்துக்காரர் பெரும்பாலும் பங்காளியாகவே இருப்பார். பாகப்பிரிவினைப் பத்திரம் இன்னும் சிறந்தது. சகோதரர் அனைவரையும் வரிசையாகக் கூறிவிடும்.

இனாம் நிலம் பெற்றவர்களுக்கு 1858இல் அமைந்த இனாம் கமிஷன் தயாரித்த பதிவேடுகள் பயன்படும். கிறித்தவக் குடும்பங்களுக்குக் கோயில்களில் உள்ள ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள் பெரும் செல்வம். சென்னை எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம் 1909இல் தொடங்கப்பட்டது. மாவட்ட வாரியான பழைய வருவாய்த் துறை ஏடுகள் அங்கே உள்ளன.

இவற்றில் பெண்கள் எங்கே? தந்தை, மகன், பேரன் என்று ஓடும் ஏடுகளில் பெண்ணின் பெயர் அரிது. சீதனப் பத்திரம், ஜீவனாம்சம் பற்றிய உடன்படிக்கை, மைனர் பிள்ளைக்குக் கார்டியனாகத் தாய் கையெழுத்திட்ட அல்லது கைநாட்டு வைத்த பத்திரம் ஆகியவற்றில் தேடினால் சில பெயர்கள் கிடைக்கும். பெரும்பாலும் விதவையான பிறகே அவள் பெயர் ஏட்டில் ஏறுகிறது. நம் உயிரணுக்களில் உள்ள மைட்டோகாண்ட்ரியா தாயிடமிருந்தே வருகிறது. அதன் மரபுப் பொருளைச் சோதித்துத் தாய்வழியைக் காண முடியும். அந்த வழி எந்தத் திசையிலிருந்து வந்தது என்பதை அது ஓரளவு சொல்லுமே தவிர, பெயரைச் சொல்லாது.

நிலமில்லாதவர்களின் வரலாறு

பத்திரம் எழுத நிலமே இல்லாதவர்கள் என்ன செய்வார்கள்? உழைத்து மறைந்த கோடிக்கணக்கானவர்களின் பெயர் எந்த ஏட்டிலும் இல்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இவர்களை எண்ணியது. ஆனால் அச்சில் வந்தவை எண்களே, பெயர்கள் அல்ல.

இதில் வியப்புக்குரிய விதிவிலக்கு ஒன்று உண்டு. 1860 நவம்பர் 16 அன்று ‘ட்ரூரோ’ என்னும் கப்பல் சென்னையிலிருந்து 342 பேருடன் தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. நேட்டாலின் கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாகச் சென்றவர்கள் அவர்கள். 1911 வரை இப்படி 1,52,000 பேருக்கு மேல் நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதியினர் சென்னையில் கப்பலேறியவர்கள். ஒவ்வொருவருக்கும் ஓர் எண் தரப்பட்டது. பெயர், தந்தை பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடலில் உள்ள மச்சம் தழும்பு போன்ற அடையாளங்கள் என்று கப்பல் பட்டியலில் எழுதினார்கள். பெண்களின் பெயரையும் எழுதினார்கள்.

அன்பினால் எழுதியதன்று இது. ஓடிப்போனால் பிடிப்பதற்காக எழுதியது. ஆனாலும் இன்று கொள்ளுப்பேரர்கள் தம் பாட்டியின் பழைய காகிதத்தில் அந்த எண்ணைக் கண்டால், அதைக் கொண்டே கிராமத்தின் பெயர்வரை போய்விட முடிகிறது. ஊரிலேயே தங்கிவிட்ட அண்ணனைப் பற்றி ஒரு வரியும் இல்லை; கடல் கடந்த தம்பியின் நெற்றித் தழும்புகூட ஏட்டில் இருக்கிறது! மொரீஷியசில் 1860களிலிருந்து புகைப்படங்களும் எடுத்தார்கள். மோகா என்னும் ஊரில் மகாத்மா காந்தி நிலையம் அந்த ஏடுகளைப் பாதுகாக்கிறது.

எழுத்தர்கள் காதில் விழுந்தபடி ஆங்கிலத்தில் எழுதியதால் பெயர்கள் உருமாறின. கவுண்டர் ‘கவெண்டர்’ ஆனார். முதலியார் ‘மூட்லி’ ஆனார். ஆகவே எழுத்தைப் பாராமல் உரக்கப் படித்து ஒலியைக் கேட்க வேண்டும். வயதையும் அப்படியே நம்பலாகாது. தம் வயதைச் சரியாக அறியாதவர்கள் 20, 25, 30 என்று முழுமையான எண்ணாகவே சொல்வார்கள் என்பது புள்ளியியலார் நன்கறிந்த பிழை. சில ஆண்டு முன்பின் இருக்கும் என்று கொள்வதே சரி.

நீங்கள் தொடங்குவது எப்படி?

தெரிந்ததிலிருந்து தெரியாததை நோக்கிப் போங்கள். உங்களிலிருந்து தொடங்கி, ஒவ்வொரு தலைமுறையாக மேலே ஏறுங்கள். புகழ்பெற்ற ஒருவரிலிருந்து கீழே இறங்கி வந்தால் நம் ஆசை நம்மை வழிநடத்திவிடும்.

குடும்பத்தில் மிக மூத்தவரிடம் முதலில் போங்கள். ‘எந்த ஆண்டு?’ என்று கேட்டால் அவருக்குச் சொல்லத் தெரியாது. ‘எம்டன் குண்டு போட்டதற்கு முன்பா பின்பா என்று உங்கள் அம்மா சொல்லியிருக்கிறார்களா?’ என்று கேளுங்கள். அது 1914 செப்டம்பர். ‘தனுஷ்கோடிப் புயலின்போது நீங்கள் எங்கே இருந்தீர்கள்?’ என்று கேளுங்கள். அது 1964 டிசம்பர். நிகழ்ச்சிகள் நினைவில் நிற்கும், எண்கள் நிற்பதில்லை.

அவர் சொன்னதை அவர் சொன்னபடியே எழுதி, யார் சொன்னது, எந்த நாளில் என்பதையும் குறியுங்கள். தாமே கண்டதா, பிறர் சொல்லக் கேட்டதா என்று பிரித்து எழுதுங்கள். இரண்டு தனித்தனிச் சான்றுகள் ஒத்தால்தான் உறுதி என்று கொள்ளுங்கள். சித்தப்பா சொன்னதையே அத்தையும் சொல்கிறார் என்றால், இருவரும் ஒரே பாட்டியிடம் கேட்டவர்களா என்று பாருங்கள். அப்படியானால் அது ஒரு சான்றே, இரண்டன்று.

கண்டறிவது எப்போதும் இனிக்கும் என்று சொல்ல முடியாது. அடமானத்தில் போன நிலமும், மறைக்கப்பட்ட இரண்டாம் திருமணமும், பஞ்சத்தில் கைவிடப்பட்ட குழந்தையும் ஏடுகளில் வெளிப்படலாம். அவற்றையும் எழுதுங்கள். உயிரோடிருப்பவர் மனம் புண்படும் என்றால் வெளியில் காட்டாமல் வையுங்கள், ஆனால் அழிக்காதீர்கள்.

பரம்பரைக் கர்ணம் பதவி 1980இல் ஒழிந்தபின், கர்ணம் வீட்டுத் திண்ணையில் கிடந்த தனிக் கணக்குகள் பல பழைய காகிதத்தோடு எடைக்குப் போயின. பரணில் உள்ள ஓலைகளும் ஜாதகங்களும் ஒவ்வொரு வீடு இடிக்கும்போதும் குப்பைக்குப் போகின்றன. அவற்றைப் படிக்கத் தெரிந்த முதியவர்கள் ஆண்டுதோறும் குறைகிறார்கள். தாளைப் படம் எடுத்து வைப்பது இன்று எளிது. அதில் உள்ளவர் யார் என்று சொல்ல ஆள் இருக்கும்போதே கேட்டு, படத்தின் கீழே எழுதி வையுங்கள். வரும் விடுமுறையில் பாட்டியின் அருகே உட்காருங்கள். முதற்கேள்வி இதுவாக இருக்கட்டும்: “பாட்டி, உங்க அம்மா பேரு என்ன?”